காளான் வளர்ந்தது, கோப்பு நகரவில்லை

வங்கியின் கடன் ஒப்புதல் கடிதம் போன வாரம் கைக்கு வந்தது. அப்பா அதை இரண்டு முறை படித்துவிட்டுச் சாமி படத்தின் முன்னால் வைத்தார். எனக்கு நிம்மதிதான். ஆனாலும் இந்த ஒரு தாளுக்காக என்னை அலைக்கழித்த விதத்தை நினைத்தால் கோபம் அடங்க மறுக்கிறது. தாவரவியலோ விலங்கியலோ நுண்ணுயிரியலோ முடித்துவிட்டுச் சொந்தத் தொழில் கனவோடு வருகிற பிள்ளைகள் நாளைக்கு இதே மேசைகளின் முன்னால்தான் நிற்கப்போகிறார்கள். அவர்களுக்காகவே எழுதுகிறேன்.

ஊர் எர்ணாவூர். படிப்பு பி.எஸ்சி., தாவர உயிரியல் மற்றும் தாவர உயிரித் தொழில்நுட்பம். எல்லோரையும் போல நானும் முதலில் வேலைதான் தேடினேன். ரத்தப் பரிசோதனைக் கூடங்களில் “டி.எம்.எல்.டி. இருக்கிறதா?” என்ற ஒரே கேள்வி. மூன்று வருடம் நுண்ணோக்கியோடு வாழ்ந்திருந்தாலும் மருத்துவ ஆய்வக நுட்பத்துக்கான அந்தப் பட்டயம் இல்லாமல் பரிசோதனைக்கூட நுட்புநர் வேலை கிடையாது. உணவுப் பாதுகாப்பு அலுவலர் பணிக்கான தகுதிப் பட்டியலில் உயிரித் தொழில்நுட்பம், உயிர் வேதியியல், நுண்ணுயிரியல் எல்லாம் இருக்கின்றன, தாவரவியல் இல்லை. எம்.எஸ்சி.யில் எந்தப் பாடம் எடுப்பது என்று யோசிப்பவர்கள், கல்லூரி விளம்பரத்துக்கு முன்னால் அந்தப் பட்டியலைப் படியுங்கள். இன்னொன்று: எங்களைப் போல நீளமான பெயருள்ள பட்டம் பெற்றவர்கள், அது தாவரவியலுக்கு இணையானது என்று சொல்லும் அரசாணையின் நகலை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அரசுத் தேர்வில் மதிப்பெண் வாங்கிய பிறகு சான்றிதழ் சரிபார்ப்பில் அது இல்லாமல் திண்டாடியவர்களை நேரில் பார்த்திருக்கிறேன்.

வேலை தேடிக்கொண்டே காளான் பயிற்சிக்குப் போனேன். கிண்டியில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தகவல் மற்றும் பயிற்சி மையம் இருக்கிறது. விம்கோ நகரில் மெட்ரோ ஏறினால் வண்டி மாறாமல் கிண்டியில் இறங்கிவிடலாம். நன்றாகச் சொல்லிக்கொடுத்தார்கள்.

பயிற்சி முடித்தவர்கள் பலரும் சிப்பிக் காளானில்தான் தொடங்குகிறார்கள். எங்கள் பக்கத்து வெயிலுக்கு அது கோடையில் தாங்காது. பால் காளான் 30 முதல் 35 டிகிரி வரை வளரும். பறித்த பிறகும் சிப்பிக் காளானைவிடக் கூடுதலாக நாள் தாங்கும். மேலே ஈர மண் மூட வேண்டும், அது ஒன்றுதான் கூடுதல் வேலை. பாட்டி வீட்டுப் பின்கட்டில் ஈரச் சாக்கு கட்டி, மீஞ்சூரிலிருந்து வைக்கோல் கொண்டுவந்து, வெந்நீரில் வேகவைத்துப் பைகளில் நிரப்பினேன். முதலில் பச்சைப் பூஞ்சை வந்தது. வைக்கோலின் ஈரம் கூடுதல் என்று கண்டுபிடித்துச் சரிசெய்தேன். அடுத்த பைகளில் வெள்ளை வெளேரென்று காளான் எழுந்தது. படித்த படிப்பு பயன்பட்ட இடம் இது. இதில் எனக்கு எந்தச் சிரமமும் இல்லை.

சிரமம் எல்லாம் கடனில்தான். விற்காமல் மிஞ்சிய காளானை உலர்த்திச் சூப் பொடியாக்கினால் வீணாகாது. அதற்கு உலர்த்தி, அரைக்கும் இயந்திரம், பை ஒட்டும் இயந்திரம் வேண்டும். திட்ட மதிப்பு 4 லட்சம் ரூபாய். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டமான பி.எம்.இ.ஜி.பி.யில் விண்ணப்பித்தேன். பெண்கள் சிறப்புப் பிரிவில் வருவதால் நம் கையிலிருந்து 5 சதவீதம் போட்டால் போதும். நகர்ப்புறத்தில் மானியம் 25 சதவீதம். என் கணக்கில் கைப்பணம் 20,000, மானியம் 1 லட்சம்.

விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் சென்னை அலுவலகம் அதை முதலில் திருப்பி அனுப்பியதற்குக் காரணம், தலைப்பில் இருந்த ‘காளான் சாகுபடி’. திட்டத்தின் தடைப் பட்டியலில் பயிர்ச் சாகுபடி இருக்கிறது; விளைபொருளை மதிப்புக் கூட்டுவதற்குத் தடை இல்லை. நான் வாங்கக் கேட்டதெல்லாம் மதிப்புக் கூட்டும் இயந்திரங்கள்தான். உள்ளே இரண்டு பக்கம் புரட்டியிருந்தால் தெரிந்திருக்கும். தலைப்பை ‘உலர் காளான் மற்றும் சூப் பொடி தயாரிப்பு’ என்று மாற்றி அனுப்பியதும் அதே மேசை ஏற்றுக்கொண்டது. வேறு ஒரு எழுத்துகூட மாற்றவில்லை.

அடுத்து வந்த சிக்கல்தான் என்னை உண்மையிலேயே நோகடித்தது. நேரில் வரச் சொன்ன அன்று எழுத்தர் என் ஆதாரைப் பார்த்துவிட்டு, “திருவள்ளூர் மாவட்டம் என்று போட்டிருக்கிறதேம்மா, இங்கே ஏன் வந்தீர்கள்?” என்றார். எங்கள் பகுதி 2011-இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. 2018-இல் திருவொற்றியூர் வட்டமே திருவள்ளூர் மாவட்டத்திலிருந்து சென்னை மாவட்டத்துக்கு வந்துவிட்டது. என் ஆதார் அதற்கு முன்னால் எடுத்தது. இதை நின்றபடியே விளக்கினேன். “அதெல்லாம் எங்களுக்குத் தெரியாது, ஆதாரில் என்ன இருக்கிறதோ அதுதான்” என்று கோப்பை நகர்த்திவிட்டார்.

கத்திவாக்கத்தில் ரயில் ஏறி, பேசின் பாலத்தில் இறங்கி, அடுத்த வண்டி பிடித்துத் திருவள்ளூர் மாவட்ட அலுவலகத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் பகல் பாதி போய்விட்டது. அங்கிருந்த பெண் அலுவலர் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். “எர்ணாவூர் சென்னைக்குப் போய் இத்தனை வருடம் ஆகிறதேம்மா. உன்னை யார் இங்கே அனுப்பினார்கள்?” என்றார். அவர் சொன்ன ஒரு வார்த்தைதான் என்னைக் காப்பாற்றியது: “நீ எங்கே குடியிருக்கிறாய் என்பதைவிட, தொழில் எங்கே நடக்கப்போகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். அந்தக் கட்டடத்தின் சொத்து வரி ரசீதை எடுத்துக்கொண்டு போ.”

பாட்டி வீட்டுச் சொத்து வரி ரசீதில் ‘பெருநகர சென்னை மாநகராட்சி, மண்டலம் 1’ என்று தெளிவாக இருந்தது. அதோடு விண்ணப்பத்தில் தொழிற்கூட முகவரி இருக்கும் பக்கத்தையும் சேர்த்து ஒரு கடிதமாக எழுதிச் சென்னை அலுவலகத்தில் கொடுத்தேன். நகலில் ‘பெறப்பட்டது’ என்று முத்திரை போட்டுத் தரும்படி கேட்டேன். முத்திரை என்றதும் எழுத்தர் தயங்கி உள்ளே எழுந்து போனார். திரும்பி வந்து கோப்பை வாங்கிக்கொண்டார்.

வாயால் சொன்ன பதில் எதையும் நம்பிக் கிளம்பாதீர்கள். கடிதம் கொடுங்கள், நகலில் முத்திரை வாங்குங்கள். முத்திரை தர மறுத்தால் அதே கடிதத்தை விரைவுத் தபாலில் அனுப்புங்கள். 1100 என்ற முதல்வரின் உதவி எண்ணிலும் மனுவைப் பதியலாம். திருவொற்றியூர், மணலி, மாதவரம், அம்பத்தூர்ப் பிள்ளைகளுக்குத் தனியாகச் சொல்கிறேன்: உங்கள் ஆதார், சாதிச் சான்று, வாக்காளர் அட்டை இவற்றில் எதிலெல்லாம் இன்னும் பழைய மாவட்டம் இருக்கிறது என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். கல்லூரியில் படிக்கும்போதே மாற்றிவிட்டால் பிறகு யாரும் உங்களை ரயில் ஏற்ற முடியாது.

இந்த நேரத்தில் ஒரு தரகர், “மீஞ்சூரைத் தாண்டி ஒரு கிராமத்தில் முகவரி காட்டிவிடு, மானியம் 35 சதவீதம் கிடைக்கும்” என்றார். கிராமப்புறத்தில் பெண்களுக்கு அந்த விகிதம்தான் என்பது உண்மை. ஆனால் தொழிற்கூடத்தை நேரில் வந்து பார்ப்பார்கள். 40,000 ரூபாய்க்காகப் பொய் முகவரி கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அவரே 5,000 ரூபாய்க்குத் திட்ட அறிக்கை தருவதாகச் சொல்லி மாதிரி ஒன்றைக் காட்டினார். மொட்டுக் காளான், குளிரூட்டிய அறை, ஏறக்குறைய 16 டிகிரி. யாரோ மலைப்பகுதிக்கு எழுதியதை எர்ணாவூருக்கு விற்கப் பார்த்தார். காசு கொடுத்து அதை வாங்கி வங்கியில் நீட்டியிருந்தால் மேலாளரின் முதல் கேள்வியிலேயே கடன் போயிருக்கும். திட்ட அறிக்கையை நீங்களே எழுதுங்கள். உயிரியல் படித்தவர்களுக்கு அது ஒரு நீண்ட செய்முறைப் பதிவேடுதான். இயந்திரங்களுக்கு ஜி.எஸ்.டி. எண்ணுள்ள விலைப்புள்ளி வாங்குங்கள். நிலத்தின் விலையைத் திட்ட மதிப்பில் சேர்க்க முடியாது என்பதும் நினைவிருக்கட்டும்.

வங்கி இன்னொரு கதை. கடன் பிரிவில் இருந்தவர், “உத்யம் பதிவு இல்லாமல் வாங்க மாட்டோம்” என்றார். உத்யம் என்பது சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு. முந்தைய அலுவலகத்திலோ, “உத்யம் எடுத்தால் நீ பழைய தொழில், புதியவர்களுக்குத்தான் மானியம்” என்று பயமுறுத்தியிருந்தார்கள். இருவருக்கும் நடுவில் நான். உத்யம் படிவத்திலேயே உற்பத்தி தொடங்கிவிட்டதா என்று ஒரு கேள்வி வருகிறது. ‘இல்லை’ என்று பதிந்து, அந்தச் சான்றிதழை இரு இடத்திலும் காட்டினேன். இருவரும் வாயை மூடிக்கொண்டார்கள். உத்யம் பதிவுக்கு அரசு ஒரு பைசாவும் வாங்குவதில்லை. தேடினால் முதலில் வரும் சில தளங்கள் அரசு முத்திரையைப் போன்ற படத்தைப் போட்டு ஆயிரம், இரண்டாயிரம் கேட்கும். முகவரி அரசுத் தளத்துக்கு உரிய ‘கவ் டாட் இன்’ என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டே ஆதார் எண்ணைக் கொடுங்கள்.

பிறகு பிணை கேட்டார்கள். அப்பா கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார். எங்களிடம் பாட்டியின் அந்த ஓட்டு வீட்டைத் தவிர எதுவும் இல்லை. “வீட்டுப் பத்திரம் கொண்டு வாருங்கள், இல்லாவிட்டால் அரசு ஊழியர் ஒருவரின் கையெழுத்து” என்றார்கள். பாட்டி அன்று இரவே பெட்டியைத் திறந்து பத்திரத்தை எடுத்து வைத்துவிட்டார். அதைப் பார்த்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது. சிறு தொழில்களுக்கு என்னுடையதைப் போன்ற சிறிய கடனுக்குச் சொத்துப் பிணை கேட்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கியின் அறிவுறுத்தலே இருக்கிறது. அதைக் காளான் பயிற்சியில் பழக்கமான ஓர் அக்கா சொல்லி, அச்செடுத்தும் கொடுத்திருந்தார். பத்திரத்தைப் பாட்டியிடமே திருப்பிக் கொடுத்தேன். மறுநாள் நேராக மேலாளரின் அறைக்குப் போய், “சார், பிணை இல்லை என்பதால் நிராகரிக்கிறீர்கள் என்றால் அதை எழுத்தில் தாருங்கள்” என்றேன். தாளைப் படித்தார். சற்று நேரம் எதுவும் பேசவில்லை.

பிறகு அவர் கேட்டது கடனைப் பற்றி அல்ல. “சென்னை வெயிலில் காளான் எப்படி வளரும்?” என்றார். வெப்பநிலை, ஈரப்பதம், மேல் மண், ஏன் சிப்பிக் காளான் இல்லை, பச்சைப் பூஞ்சை எதனால் வந்தது, எப்படிப் போனது, எல்லாவற்றையும் சொன்னேன். பையிலிருந்த உலர் காளானை எடுத்துக் காட்டினேன். அவர் முகர்ந்து பார்த்தார், விலை கேட்டார், எங்கே விற்பேன் என்று கேட்டார். அதுவரை இந்த ஓட்டத்தில் யாருமே என் தொழிலைப் பற்றி ஒரு கேள்வி கேட்டதில்லை. கோப்பு அன்றே நகர்ந்தது.

உங்களுக்கு அப்படி நகராவிட்டால், வங்கியிடம் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம். கல்விக் கடன் வாங்கியவர்கள் அதைத் தவணை தவறாமல் வைத்துக்கொள்ளுங்கள். என் தோழிக்கு எல்லாம் சரியாக இருந்தும் அந்த ஒரு பாக்கியால் கடன் மதிப்பெண் குறைந்து, விண்ணப்பம் நின்றுபோனது.

மானியம் நம் கைக்கு வராது. வங்கியில் நம் பெயரில் வைப்புத்தொகையாக மூன்று வருடம் இருக்கும். தொழில் ஒழுங்காக நடந்தால் அதன் பிறகு கடனில் கழித்துக்கொள்வார்கள். ஆகவே தொடக்கத்தில் முழுக் கடனுக்கும் தவணை கட்டும் கணக்கில் திட்டமிடுங்கள். இதைத் தெரியாமல், மானியம் ரொக்கமாக வரும் என்று நம்பி இடத்துக்கு முன்பணம் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள்.

இப்போது உணவுப் பாதுகாப்புப் பதிவுக்கு விண்ணப்பித்திருக்கிறேன். சூப் பொடி என்றாலே அது கட்டாயம். சிறிய அளவில் விற்பவர்களுக்கு அரசுக் கட்டணம் குறைவுதான். முகவர்கள் கேட்கும் ஆயிரங்களைக் கொடுக்காதீர்கள், அந்தப் பதிவுக்கான ஃபாஸ்காஸ் என்ற அரசுத் தளத்தில் நாமே செய்யலாம். தொழிற்கூட முகவரி கேட்ட இடத்தில் இந்த முறையும் சொத்து வரி ரசீதைத்தான் இணைத்தேன். உலர்த்தி வருகிற வெள்ளிக்கிழமை வந்து இறங்குகிறது. திட்ட அறிக்கை எழுதுவதில் சந்தேகம் உள்ள எர்ணாவூர், கத்திவாக்கம் பக்கத்துப் பிள்ளைகள் என்னுடையதை வாங்கிப் பார்க்கலாம். பெயரையும் இயந்திர விலைகளையும் மட்டும் மாற்றி அப்படியே கொடுத்துவிடாதீர்கள், மேலாளர்கள் கேள்வி கேட்பார்கள்.