பெரிய கோயில் சுவரில் மராத்தி

சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கு விமானத்தில் நாலு மணி நேரம். அங்கிருந்து பஸ் பிடித்தால் தஞ்சாவூர். "தலையாட்டி பொம்மை ஒண்ணு வாங்கிட்டு வாடா" என்று மட்டும் அம்மா சொல்லி அனுப்பினார். நான் கிளம்பியது ராஜராஜனைப் பார்க்க.

காலை பதினொரு மணிக்குப் பெரிய கோயிலுக்குப் போனது என் தப்பு. செருப்பைக் கழற்றியதும் கல்தரை பாதத்தைப் பொரித்தெடுத்தது. நந்தி மண்டப நிழலுக்கு ஓடினேன். ஒரே கல்லில் செதுக்கிய அந்தப் பெரிய நந்தி சோழர் வைத்ததில்லை, நாயக்கர் காலத்தது என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன்.

கோயில் விமானத்தின் அடியைச் சுற்றி எங்கே பார்த்தாலும் கல்வெட்டு. 1010இல் முடிந்த கோயிலில் ஆடிய 400 தளிச்சேரிப் பெண்களின் பெயர், ஊர், வீடு இருந்த தெரு, ஆளுக்கு 100 கலம் நெல் என்று கணக்கெல்லாம் கல்லில் இருக்கிறது. குனிந்து குனிந்து பார்த்தும் எனக்குப் பிடிபட்டது நாலைந்து எழுத்துதான்.

அப்புறம் தென்மேற்குப் பக்கம் போனால், தமிழே இல்லை! தேவநாகரி எழுத்தில் மராத்தி. தஞ்சையை ஆண்ட மராட்டிய போன்ஸ்லே வம்சத்தின் வரலாற்றை அந்த வம்சத்து மன்னர் இரண்டாம் சரபோஜி 1803இல் வெட்டி வைத்திருக்கிறார். சோழன் கட்டிய சுவரில் தன் குடும்பக் கதையை எழுத ஒரு துணிச்சல் வேண்டும். ஆனாலும் எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. ஏட்டுச்சுவடிகளையும் ஐரோப்பியப் புத்தகங்களையும் சரஸ்வதி மகால் நூலகத்தில் தேடித்தேடிச் சேர்த்தவர். கண் நோயாளிகளுக்குப் பார்த்த சிகிச்சையைப் படம் வரைந்து குறித்து வைக்கச் செய்தவர்.

மத்தியானம் ஒரு மெஸ்ஸில் பாகற்காய் பிட்லை. கசப்பு முதலில் தெரியவில்லை; வறுத்த தேங்காயும் புளியும் அடங்கியபின் மெல்ல வந்தது. "இதுவும் மராட்டிக்காரங்க வச்சிட்டுப் போனதுதான் அண்ணே" என்றார் பரிமாறியவர். சாம்பார் மராட்டிய மன்னர் சம்பாஜியின் பெயரால் வந்தது என்ற கதையையும் எடுத்துவிட்டார். அதை நான் நம்பவில்லை, சாம்பாரை இன்னொரு கரண்டி வாங்கிக்கொண்டேன்.

கிளம்பும்போது சந்திரகலா என்ற இனிப்பு ஒரு பெட்டி வாங்கினேன். பிறைநிலா வடிவம், உள்ளே கோவா. சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தில் இறங்குவதற்குள் நெய் கசிந்து சட்டையெல்லாம் பிசுபிசு.

அம்மா பெட்டியைத் திறந்து ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார். "நல்லாத்தான் இருக்கு. பொம்மை எங்கடா?"