மூச்சைப் பிடிக்காதே, விடு

அம்மாவுக்கு 68 வயது. சிறு பிள்ளையாக இருந்தபோதே கடல்பாசி எடுக்கக் கடலில் இறங்கியவள், முழங்கால் இடம் கொடுத்த வரைக்கும் அந்த வேலையை விடவில்லை. ஏர்வாடிக்கும் பெரியபட்டினத்துக்கும் நடுவில், கடலை ஒட்டி இருக்கிறது எங்கள் ஊர். மரிக்கொழுந்து, கட்டக்கோரை என்ற பாசிகள்தான் இங்கே பல வீடுகளில் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட ஃபீஸ் கட்டின.

கடலை விட்டுக் கரையில் உட்கார்ந்த பிறகு மறதி எட்டிப் பார்த்தது. உலை வைத்துவிட்டுப் பக்கத்து வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்துவிடுவாள். பிரஷர் மாத்திரையைப் போட்டாளா இல்லையா என்று அவளுக்கே தெரியாது. சீட்டுப் பணத்தைக் கொடுத்தாயிற்றா என்று திரும்பத் திரும்பக் கேட்பாள். "வயசாச்சுல்ல, அப்படித்தான் இருக்கும்" என்று ஊரில் சொன்னார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. வயதானால் ஒரு பெயர் சட்டென்று நாக்கில் வராமல் போகலாம். தினமும் செய்த வேலையே தடம் மாறுகிறது என்றால் அதைப் பார்க்கத்தான் வேண்டும்.

ராமநாதபுரத்தில் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனேன். அவர் எடுத்த எடுப்பில் மறதிக்கு மாத்திரை எழுதவில்லை. தைராய்டு, பி12, சர்க்கரை, ரத்தக்கொதிப்பு எல்லாவற்றையும் பார்க்கச் சொன்னார். தூக்கம் எப்படி, மனசு சோர்ந்து கிடக்கிறதா, வேறு என்னென்ன மாத்திரை போகிறது என்று நிதானமாகக் கேட்டார். இவற்றில் எது சரியில்லாவிட்டாலும் மறதி வருமாம், பலவற்றைச் சரி செய்துவிடவும் முடியுமாம். அம்மாவுக்கு பி12 குறைவாக இருந்தது, ரத்தக்கொதிப்பு கட்டுக்குள் இல்லை. அப்புறம் காது. வலது காது பாதிதான் கேட்கிறது என்று பரிசோதனையில் தெரிந்தது. நாங்கள் சொன்னதை மறந்துவிட்டாள் என்று நினைத்ததில் கொஞ்சம், சொன்னது காதிலேயே விழாததுதான். வீட்டில் பெரியவர்களுக்கு மறதி என்றால் முதலில் காதைப் பாருங்கள் என்று இப்போது யார் கேட்டாலும் சொல்கிறேன்.

நினைவுத்திறனைச் சோதிக்கக் கடிகாரம் வரையச் சொல்வது வழக்கம். பள்ளிக்கூடமே போகாதவளிடம் அதைக் கேட்டுப் பயனில்லை என்று டாக்டரம்மா தாளை எடுத்து வைத்துவிட்டார். "இன்னைக்கு என்ன தேதி?" என்று மட்டும் கேட்டார்.

"தேதி தெரியாது தாயி. நாளைக் கழிச்சு அமாவாசை. தண்ணி நல்லா வத்தும்."

டாக்டரம்மா போனில் பார்த்தார். சரியாகத்தான் இருந்தது. மூன்று பொருளின் பெயரைச் சொல்லிக் கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டதில் மட்டும் அம்மாவுக்கு ஒன்றுதான் நினைவில் நின்றது. லேசான நினைவுக் குறைபாடு, இன்னும் டிமென்ஷியா, அதாவது மறதி நோய், என்று சொல்கிற நிலை இல்லை என்றார். இது சிலருக்குக் கூடும், சிலருக்கு அப்படியே நிற்கும், சிலருக்குத் தேறியும் வரும். பி12 ஊசி, பிரஷர் மாத்திரை, காதுக்கு மெஷின், இவற்றோடு உடற்பயிற்சியும் மூச்சுப் பயிற்சியும் கட்டாயம் என்று எழுதிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து நிறையப் படித்தேன். இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா இருக்கும் என்று 2023இல் வந்த ஒரு கணக்கு சொல்கிறது. லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு 2024இல் தந்த அறிக்கையில், மாற்றக்கூடிய 14 காரணங்களைச் சரி செய்தால் உலகில் கிட்டத்தட்ட 45 சதவீத டிமென்ஷியாவைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்பு உண்டு என்கிறார்கள். உடல் உழைப்பு இல்லாமை, காது கேளாமை, ரத்தக்கொதிப்பு, தனிமை எல்லாம் அந்தப் பட்டியலில் வருகின்றன. எங்கள் அம்மாவையே பார்த்து எழுதினாற்போல இருந்தது. கடலுக்குப் போனவரை உழைப்பும் இருந்தது, கூடப் பேச ஆளும் இருந்தார்கள். கரைக்கு வந்ததும் இரண்டும் ஒன்றாக நின்றுபோயின.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் எங்கள் பகுதிக்கு வரும் பிசியோதெரபிஸ்ட் தம்பி ஒரு காலையில் வீட்டுக்கு வந்தார். அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்து, "மெதுவா மூச்சை இழுங்கம்மா" என்றார். அம்மா நெஞ்சு நிறைய இழுத்து, வாயை இறுக்கிக்கொண்டு அப்படியே இருந்தாள். தம்பி காத்திருந்தார். அம்மா விடுகிற மாதிரி இல்லை. கழுத்து நரம்பு புடைத்து முகம் சிவந்தது. "விடுங்கம்மா, விட்டுருங்க!" என்று அவர் பதறிய பிறகுதான் வாயைக் குவித்து 'ஊ...' என்று விட்டாள். கடலில் மேலே வந்ததும் விடுவாளே, அதே மாதிரி. முகத்தில் பெருமை தாங்கவில்லை. "இதெல்லாம் ஒரு மூச்சா தம்பி? ஒரு முங்குக்கு ஒரு பிடி பாசியோட வருவோம்ல."

தம்பி அவள் முன்னால் தரையில் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னார். மூச்சை அடக்கிக்கொண்டு முக்கினால் ரத்தக்கொதிப்பு சட்டென்று ஏறும், அம்மாவுக்கு அது ஆகாது. வேக வேகமாக ஆழமாக இழுத்தாலும் மூளைக்கு ஆக்சிஜன் கூடிவிடாது. நம் எடையில் இரண்டு சதவீதமே உள்ள மூளை, உடம்பு எடுக்கும் ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கைச் செலவு செய்கிறது, உண்மைதான். ஆனால் நல்ல நுரையீரல் உள்ளவரின் ரத்தத்தில் ஆக்சிஜன் ஏற்கெனவே கிட்டத்தட்ட நிறைந்தே இருக்கும். வேகமாக மூச்சுவிட்டால் கரியமில வாயு குறைந்து, மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்கி, தலைதான் சுற்றும்.

"ஆமா, முங்குறதுக்கு முன்னாடி வேக வேகமா இழுத்தா கண்ணு இருட்டும். எங்க அம்மா அதைச் செய்யவே விடாது" என்றாள் அம்மா. தம்பி சொன்ன எல்லாவற்றிலும் அவளை ஒத்துக்கொள்ள வைத்தது அந்த ஒன்றுதான்.

அம்மாவுக்கு வேண்டியது மெதுவான மூச்சு. ஐந்து எண்ணும் வரை இழுப்பது, ஐந்து எண்ணும் வரை விடுவது, நடுவில் அடக்குவதே கிடையாது. நிமிஷத்துக்கு ஆறு மூச்சு வரும். மூச்சை விடும்போது, மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு வழியாக இதயத் துடிப்பு தணிகிறது, படபடப்பு அடங்குகிறது. இந்த ஐந்துக்கு ஐந்து கணக்கில் தினம் இரண்டு வேளை, 20 நிமிஷம் வீதம் நான்கு வாரம் செய்தவர்களின் ரத்தத்தில், அல்சைமர் என்ற மறதி நோயோடு தொடர்புள்ள அமிலாய்டு புரதம் குறைந்ததைத் தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்டார்கள். கலந்துகொண்டவர்கள் சுமார் நூறு பேர், பார்த்தது ரத்தத்தில் அந்தப் புரதத்தின் அளவை மட்டும். இதை வைத்து மறதி நோயே வராது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கெடுதல் இல்லாத, காசு செலவில்லாத ஒன்று என்ற அளவில் எனக்கு அது போதும்.

எண்ணிக்கைதான் அம்மாவுக்குப் பிடிபடவில்லை. எண்ணுவதில் கவனம் போனால் மூச்சு தப்பியது, மூச்சைப் பிடித்தால் எண்ணிக்கை தப்பியது. போனில் மணி அடிக்க விட்டுப் பார்த்தோம், எரிச்சல்பட்டாள். ஒரு நாள் அவளாகவே தகரப் பெட்டியிலிருந்து ஒரு துணிக் கிழிசலை எடுத்து வந்தாள். பாசி ஒட்டியிருக்கும் பாறை கையைக் கிழிக்கும் என்பதால், இறங்கும் முன் ஒவ்வொரு விரலுக்கும் பழைய துணியைச் சுற்றிக் கட்டுவார்கள். அந்தத் துணி. ஆட்காட்டி விரலில் சுற்றிக்கொண்டே மூச்சை இழுத்தாள், பிரித்துக்கொண்டே விட்டாள். அப்புறம் அடுத்த விரல். நான் சத்தம் காட்டாமல் டைமர் வைத்துப் பார்த்தேன். நிமிஷத்துக்கு ஆறு, சில சமயம் ஏழு. அன்றிலிருந்து காலையில் காப்பிக்கு முன்னும் இரவு படுக்கும் முன்னும் துணியோடு உட்கார்ந்துவிடுகிறாள். முதலில் ஐந்து நிமிஷம்தான் முடிந்தது, இப்போது கால் மணி நேரம் தாண்டுகிறது.

நடைக்குக் கரையைத்தான் தேர்ந்தெடுத்தோம். ரோட்டோரம் சீமைக்கருவேல முள், அதோடு நாய்த் தொல்லை. காய்ந்த மணலில் கால் புதையும், முழங்காலுக்கு ஆகாது. தண்ணீர் வத்தியிருக்கும்போது ஈர மணல் கெட்டியாக இருக்கும், அதில் செருப்புப் போட்டுக்கொண்டு நடக்கலாம். எந்த நேரத்தில் வத்தும் என்பதை அம்மாதான் சொல்வாள், அதற்கு ஏற்பக் கிளம்புவோம். 65 வயதுக்கு மேல் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிஷம் மிதமான நடை, இரண்டு நாளாவது தசைக்கு வேலை, மூன்று நாள் தடுமாறாமல் நிற்கும் பயிற்சி என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மிதமான நடை என்றால் பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. அம்மா பாட ஆரம்பித்தால் வேகத்தைக் கூட்டுவோம்.

நடந்துகொண்டே மூளைக்கும் வேலை கொடுக்கச் சொன்னார் தம்பி. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிப்பது அம்மாவுக்கு எதற்கு? நாங்கள் மன்னார் வளைகுடாத் தீவுகளின் பேரைச் சொல்ல வைத்தோம். போகும்போது பாம்பனிலிருந்து மேற்காக: குருசடை, புள்ளிவாசல், பூமரிச்சான், மனோலி, முசல், முல்லி, வாழை, தலையாரி, அப்பா. திரும்பும்போது அப்பா தீவிலிருந்து கிழக்காக. நேராகச் சொல்வது தண்ணீர் பட்ட பாடு. தலைகீழாகச் சொல்லும்போது தலையாரிக்கும் முல்லிக்கும் நடுவில் வாழையை விட்டுவிடுவாள், நடையும் அங்கே தயங்கும். வாரங்கள் போகப்போகத் தயக்கம் குறைந்தது. அடுத்து மீன் பேர். ஓர் அடிக்கு ஒன்று, சொன்னதைத் திரும்பச் சொல்லக்கூடாது: சீலா, ஊழி, பாறை, முரல், விளமீன், நகரை, சூடை, காரல். இதில் என்னைத் தோற்கடிக்கிறாள்.

தசைப் பயிற்சி வீட்டோடு முடிந்தது. சுவரை ஒட்டிப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரைக் கையால் தள்ளுவது, குதிகாலை உயர்த்துவது. முற்றத்தில் வலைக் கயிறு ஒன்றை நீளமாகப் போட்டு, அதன் மேல் அடிக்கு அடி வைத்து நடப்பது, பக்கத்தில் நான். எழும்போதும் தள்ளும்போதும் மூச்சை அடக்குவது அம்மாவுக்கு ஊறிப்போன பழக்கம். எழும்போது 'ஊ' என்று விடச் சொன்னதும் அதுவும் சரியாயிற்று.

சித்திரை வெயிலில்தான் திண்டாடினோம். விடியும் முன்பே புழுங்கும். ஒரு நாள் பாதி வழியில் கண் இருட்டி உட்கார்ந்துவிட்டாள். பிரஷர் மாத்திரையின் அளவை டாக்டரம்மா குறைத்தார், தண்ணீர் குடித்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும் என்றார். படுக்கையிலிருந்து எழுந்ததும் கொஞ்ச நேரம் கால் தொங்க உட்கார்ந்த பிறகே நிற்க வேண்டும் என்பதையும் அப்போதுதான் பழக்கினோம். நடக்கும்போது நெஞ்சு வலித்தாலோ, பேச முடியாமல் மூச்சு வாங்கினாலோ அங்கேயே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பலன் என்ன என்று கேட்பவர்களுக்கு நேராகச் சொல்கிறேன். அம்மாவுக்குத் தூக்கம் நன்றாக வருகிறது, பிரஷர் கட்டுக்குள் இருக்கிறது, நாற்காலியில் கை ஊன்றாமல் எழுகிறாள். அடுப்பை மறப்பது குறைந்திருக்கிறது. மூன்று பொருளில் இரண்டைச் சொல்கிறாள். இதில் ஊசிக்கு எவ்வளவு பங்கு, காது மெஷினுக்கு எவ்வளவு, நடைக்கும் மூச்சுக்கும் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல டாக்டரம்மாவாலும் முடியாது. அமெரிக்காவில் 120 முதியவர்களை வைத்து நடத்தி 2011இல் வெளியான ஆய்வில், ஓராண்டு வாரம் மூன்று நாள் நடந்தவர்களுக்கு மூளையில் நினைவைக் காக்கும் ஹிப்போகேம்பஸ் பகுதி இரண்டு சதவீதம் வளர்ந்திருந்தது. பின்னால் வந்த எல்லா ஆய்வுகளிலும் அப்படி வரவில்லை. டிமென்ஷியா வந்துவிட்டவர்களுக்குக் கடுமையான உடற்பயிற்சி கொடுத்த பிரிட்டன் ஆய்வு 2018இல் வெளியானது. அவர்களுக்கு உடம்பு வலு கூடியதே தவிர, நினைவு சரிவது குறையவில்லை. அதனால்தான் லேசாகத் தட்டுப்படும்போதே தொடங்க வேண்டும் என்று இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இப்போது அம்மாவோடு பாசிக்குப் போன மூன்று பேர் கரைக்கு வருகிறார்கள். மீன் பேர் சொல்லும் போட்டி சத்தமாக நடக்கிறது, காது கேட்காதவர்களுக்கும் கேட்கும். ஐப்பசி மழையும் வாடைக்காற்றும் தொடங்கினால் கரையில் நடக்க முடியாது. புயல் பாதுகாப்பு மையத்தின் நீண்ட வராந்தாவில் நடக்கலாமா என்று ஊராட்சியில் கேட்டோம். காலை ஆறு மணிக்குச் சாவி தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.