ஜப்பான் கப் வாரம்: நாலு கிலோ கணக்கு

20 நவம்பர் 2023, திங்கள்

வரும் ஞாயிற்றுக்கிழமை டோக்கியோவின் ஃபுச்சூ மைதானத்தில் ஜப்பான் கப் குதிரைப் பந்தயம். அன்றைக்குப் பன்னிரண்டு ரேஸ் உண்டு. ஆனால் டோக்கியோவில் யாரைக் கேட்டாலும் கடைசி ரேஸான ஜப்பான் கப்பைப் பற்றித்தான் பேசுகிறார்கள். நானும் இந்த வாரம் முழுக்க அதை மட்டும்தான் எழுதப்போகிறேன்.

உலகத் தரவரிசையில் முதலிடத்தில் இருக்கும் நாலு வயது ஈக்வினாக்ஸ் ஒரு பக்கம். பெண் குதிரைகளுக்கான மூன்று பெரிய பந்தயங்களையும் (மூன்று கிரீடம் என்பார்கள்) இந்த ஒரே ஆண்டில் ஜெயித்த மூன்று வயது லிபர்ட்டி ஐலண்ட் மறு பக்கம். இரண்டும் இதுவரை மோதியதே இல்லை. இப்படி ஒரு ஜோடி பத்து வருஷத்துக்கு ஒரு தடவை அமைந்தாலே பெரிய விஷயம்.

மற்றவையும் சாதாரணக் குதிரைகள் இல்லை. போன வருஷ டெர்பியில் ஈக்வினாக்ஸையே கழுத்தளவு வித்தியாசத்தில் தோற்கடித்த டூ டியூஸ் இருக்கிறது. இந்த ஆண்டு சவுதி கப்பை ஜெயித்த பாந்தலாசா, வசந்தகால டென்னோ ஷோவும் டகாராசுகா கினெனும் வென்ற டைட்டில்ஹோல்டர், போன வருஷம் இரண்டு கிளாசிக் (மூன்று வயதுக் குதிரைகளுக்கான பெரிய பந்தயங்கள்) வென்ற ஸ்டார்ஸ் ஆன் எர்த் எல்லாமே வருகின்றன. வெளிநாட்டிலிருந்து பிரான்சின் இரெசீன் மட்டும்தான். 1981-இல் முதல் ஜப்பான் கப்பை அமெரிக்கக் குதிரை தூக்கிக்கொண்டு போனது. வெளியிலிருந்து வந்த குதிரை கடைசியாக ஜெயித்தது 2005-இல், அல்காசெத். அதற்கப்புறம் கோப்பை இந்த நாட்டை விட்டுப் போகவே இல்லை. இரெசீன் நல்ல குதிரைதான், ஆனால் ஃபுச்சூவின் வேகமான புல்தரையில் அதற்கு வேலை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

21 நவம்பர், செவ்வாய்

முதல் கேள்வி எடைதான். நாலு வயதும் அதற்கு மேலும் ஆன ஆண் குதிரை சுமக்கவேண்டியது 58 கிலோ, மூன்று வயதுப் பெண் குதிரைக்கு 54. ஆக, லிபர்ட்டி ஐலண்டுக்கு நாலு கிலோ சலுகை. ஒரு கிலோவுக்கு ஒரு குதிரை நீளம் என்று இங்கே பொதுவாகக் கணக்குச் சொல்வார்கள். தூரத்தையும் தரையையும் பொறுத்து மாறும் என்றாலும் குத்துமதிப்பாக அதை வைத்துக்கொள்ளலாம். அப்படிப் பார்த்தால் நாலு நீளம் அவளுக்கு இனாம்.

பழைய கணக்கைப் பார்ப்போம். மூன்று கிரீடமும் வென்ற அதே ஆண்டில் ஜப்பான் கப் ஓடிய பெண் குதிரைகளில் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது 2012 ஜென்டில்டோனா. பிரான்சின் ஆர்க் பந்தயத்தில் இரண்டாவதாக வந்துவிட்டுத் திரும்பிய ஓர்ஃபெவ்ரை மூக்களவில் ஜெயித்தாள். அவள் முதுகில் 53 கிலோ, அவன் முதுகில் 57. அந்த நாலு கிலோ இல்லாவிட்டால் முடிவு வேறு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 2018-இல் ஆல்மண்ட் ஐ ஜெயித்தாள், 2 நிமிடம் 20.6 விநாடி. 2400 மீட்டரை அந்த நேரத்தில் ஓடியதை இன்றைக்கும் நம்பமுடியவில்லை. 2020-இல் டேரிங் டாக்ட் மூன்றாவது. ஆனால் அவளுக்கு முன்னால் வந்தவை ஆல்மண்ட் ஐயும் கான்ட்ரெயிலும்.

அதனால் பத்திரிகைகளில் லிபர்ட்டி ஐலண்டுக்கு வாதாடுகிறவர்களைக் குறை சொல்ல முடியாது. மே மாதம் இதே மைதானத்தில், இதே 2400 மீட்டரில், மூன்று கிரீடத்தில் ஒன்றான ஓக்ஸை ஆறு நீளத்தில் ஜெயித்தவள் அவள். அந்த ஓட்டத்தில் ஜாக்கி கவாடா அவளைக் கடைசிவரை விரட்டவேண்டிய தேவையே வரவில்லை.

ஆனால் ஜென்டில்டோனாவுக்கு எதிரே நின்றது ஓர்ஃபெவ்ர். மகா திறமைசாலி, ஆனால் ஓடும்போது கோணல்புத்தி காட்டும் குதிரை. ஈக்வினாக்ஸிடம் அந்தக் கோணல் கிடையாது. அதுதான் வித்தியாசம்.

22 நவம்பர், புதன்

ஈக்வினாக்ஸைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக.

அக்டோபர் 29 இலையுதிர்கால டென்னோ ஷோவைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். ஜாக் டோர் என்ற குதிரை முதல் ஆயிரம் மீட்டரை 57.7 விநாடியில் இழுத்துக்கொண்டு போனது. அந்த வேகத்தில் முன்னால் ஓடினால் கடைசியில் கால் நின்றுவிடும். ஈக்வினாக்ஸ் மூன்றாவது இடத்திலேயே அந்த வேகத்தோடு போனது, அப்புறம் நேர்ப்பாதையில் விலகி ஓடியது. 2000 மீட்டர், 1 நிமிடம் 55.2 விநாடி. பழைய ஜப்பான் சாதனை 2011-இல் டோசென் ஜோர்டான் ஓடிய 1:56.1. கிட்டத்தட்ட ஒரு முழு விநாடி குறைந்துவிட்டது!

போன வருஷம் இதே பந்தயத்தில் பாந்தலாசா வெகுதூரம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து கடைசி 600 மீட்டரை 32.7 விநாடியில் ஓடி எட்டிப் பிடித்ததும் இதே குதிரைதான். மார்ச்சில் துபாயில் தொடக்கத்திலிருந்தே முன்னணியில் ஓடி ஜெயித்தது. அதாவது பின்னாலிருந்தும் ஜெயிக்கும், நடுவிலிருந்தும் ஜெயிக்கும், முன்னாலிருந்தும் ஜெயிக்கும். எந்தப் பந்தயம் எப்படிப் போனாலும் அதற்கு ஒரு வழி இருக்கிறது. கணிக்கிறவன் பார்வையில் ஒரு குதிரைக்கு இதைவிடப் பெரிய தகுதி எதுவும் இல்லை.

ஒரே கவலை, அப்படி ஓடிய உடம்பு நாலே வாரத்தில் தேறியிருக்குமா என்பது. லிபர்ட்டி ஐலண்டுக்கு மூன்று கிரீடத்தின் கடைசிப் பந்தயமான ஷூக்கா ஷோவுக்குப் பிறகு ஆறு வாரம் கிடைத்திருக்கிறது. பயிற்சியாளர் கிமுரா இந்தக் குதிரையை அவசரப்பட்டு ஓடவிட்டதே இல்லை, சிறு வயதில் மாதக்கணக்கில் நிறுத்தி வைத்தார். அப்படிப்பட்டவர் இப்போது நாலு வாரத்தில் கொண்டுவருகிறார் என்றால், உடம்பு சரியாக இருப்பதால்தான் என்று எடுத்துக்கொள்கிறேன்.

24 நவம்பர், வெள்ளி

கேட் எண்கள் (குதிரை கிளம்பும் இடத்தின் எண், 1 உள்பக்கம்) வந்துவிட்டன. 1 லிபர்ட்டி ஐலண்ட், 2 ஈக்வினாக்ஸ், 3 பாந்தலாசா. யாரோ கையால் அடுக்கிவைத்த மாதிரி! ஸ்டார்ஸ் ஆன் எர்த்துக்கு 17.

ஈக்வினாக்ஸ் 2022-இல் சத்சுகி ஷோ, டெர்பி இரண்டிலும் 18-ஆம் கேட்டிலிருந்து கிளம்பி இரண்டிலும் இரண்டாவதாக வந்த குதிரை. இப்போது உள்பக்கம் கிடைத்திருக்கிறது. பக்கத்து கேட்டிலிருந்து பாந்தலாசா அம்பாகப் பாய்ந்து முன்னால் போய்விடும், அதன் ஜாக்கிக்கு வேறு திட்டமே கிடையாது. எட்டு மாதம் ஓடாத குதிரை 2400 மீட்டரை அப்படியே தாக்குப்பிடிக்கும் என்று நான் நம்பவில்லை. ஆனால் அது போனதும் அந்த இடம் காலியாகும். ஈக்வினாக்ஸின் ஜாக்கி லெமேர் சண்டை போடாமலே மூன்றாவது நாலாவது இடத்தில் உட்கார்ந்துகொள்ளலாம்.

கவாடா என்ன செய்வார்? எனக்குத் தெரிந்து ஒரே வழிதான், ஈக்வினாக்ஸின் வாலைப் பிடித்துக்கொண்டு போவது. அதிலேயே அவருடைய சிக்கலும் இருக்கிறது. முன்னால் போகிறவன் தளர்ந்தால்தான் பின்னால் வருகிறவளுக்கு வழி.

அலுவலகத்தில் கூட வேலை பார்க்கும் மதுரைத் தம்பி ஒருவர், கிண்டியில் அப்பாவோடு ரேஸ் பார்த்து வளர்ந்தவர், மதியம் கேட்டார்: “அண்ணே, ஒண்ணும் ரெண்டும்தான்னு ஊரே சொல்லுது. அப்ப மூணாவது யாரு?”

சரியான கேள்வி. ஈக்வினாக்ஸ் மேல் வின் (முதலாவதாக வரும் என்ற பந்தயம்) போட்டால் நூறு யென்னுக்கு நூற்று முப்பதோ என்னவோதான் கிடைக்கும். கணிப்புக்கு வேலை இருப்பது மூன்றாவது இடத்தில்தான்.

25 நவம்பர், சனி

மூன்றாவது இடத்துக்கு மூன்று பேர்.

டூ டியூஸ் டென்னோ ஷோவில் ஏழாவது. ஆனால் அன்றைக்கு அதன் ஜாக்கி யுதாகா தகேயைக் குதிரை ஒன்று உதைத்துக் காலில் அடிபட்டு, சவாரி கடைசி நேரத்தில் டோசாகி என்ற வேறு ஜாக்கிக்குப் போனது. நீண்ட ஓய்வுக்கு அப்புறம் ஓடிய முதல் ஓட்டம் வேறு. நாளைக்கு இன்னும் நன்றாக ஓடும். டைட்டில்ஹோல்டர் இரண்டாவது இடத்தில் கூட்டத்தை இழுத்துக்கொண்டு போகும், வசந்தத்தில் ஓட்டத்தின் பாதியில் நிறுத்தப்பட்ட பிறகு பழைய நெஞ்சுரம் முழுக்கத் திரும்பிவிட்டதா என்பதில்தான் எனக்குத் தயக்கம்.

என் தேர்வு ஸ்டார்ஸ் ஆன் எர்த். கேட் 17 என்றதும் ஆட்கள் ஒதுங்குகிறார்கள். ஆனால் இவள் ஓடிய எந்தப் பந்தயத்திலும் முதல் மூன்றை விட்டு வெளியே போனதே இல்லை. அந்த நிதானம் எனக்குப் பிடிக்கும். எடை 56. சவாரி வில்லியம் ப்யூயிக். இந்த மைதானத்தில் 2400 மீட்டர் ஸ்டார்ட் ஸ்டாண்டுக்கு எதிரே, முதல் வளைவு வரைக்கும் நேராக ஓட இடம் இருக்கிறது. வெளிப்பக்கத்திலிருந்து வருகிறவள் அதற்குள் உள்ளே நகர்ந்துவிடலாம்.

ஆக என் முடிவு: 2, 1, 17. நாலாவது டூ டியூஸ்.

லிபர்ட்டி ஐலண்டை ஏன் முதலாவதாகச் சொல்லவில்லை என்று கேட்டால், நாலு கிலோ நாலு நீளத்தைத் தரும், ஆனால் இவனுக்கும் அவளுக்கும் இடையே இன்று இருப்பது அதைவிட அதிகம் என்று நினைக்கிறேன்.

26 நவம்பர், ஞாயிறு, இரவு

நிஷி-கசாயிலிருந்து தோசாய் லைன், குதான்ஷிதாவில் மாறி அப்படியே கேய்ஓ. பெட்டி முழுக்கக் காதில் சிவப்பு பென்சில் செருகிய பெரியவர்களும், ஈக்வினாக்ஸ் பொம்மையைப் பையில் தொங்கவிட்ட கல்லூரிப் பிள்ளைகளும். மைதானத்தில் 85 ஆயிரத்துக்கும் மேல் கூட்டம்.

ஓட்டத்துக்கு முன் குதிரைகளை நடத்திக் காட்டும் பேடாக்கில் இடம் பிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. பெரிய பந்தயம் என்பதால் குதிரையைப் பிடித்து நடத்துகிறவர்கள் கோட்டு சூட்டில் வந்திருந்தார்கள். லிபர்ட்டி ஐலண்ட் கழுத்தை வளைத்துக்கொண்டு கொஞ்சம் துள்ளலோடு நடந்தாள். ஈக்வினாக்ஸ் தலையைத் தாழ்த்தி, பின்னங்கால்களை முன்னங்கால் தடத்தைத் தாண்டி வைத்து நடந்தது. தோளில் வியர்வை இல்லை, விலாப் பக்கத்தில் தசை இழுத்துக் கட்டினாற்போல் இருந்தது. நாலு வாரக் கவலை அங்கேயே எனக்குப் போய்விட்டது.

3.40-க்கு கேட் திறந்தது. பாந்தலாசா போனது போனதுதான். ஆயிரம் மீட்டர் 57.6. மூன்றாவது வளைவின் பெரிய மரத்தைத் தாண்டும்போது அதற்கும் டைட்டில்ஹோல்டருக்கும் நடுவில் ஒரு மைதானமே இருந்தது. ஈக்வினாக்ஸ் மூன்றாவது, ஒட்டினாற்போல் பின்னால் லிபர்ட்டி ஐலண்ட். நேர்ப்பாதை 525 மீட்டர் சொச்சம், நடுவில் ஏற்றம். அந்த ஏற்றத்தில் எல்லா ஜாக்கியும் கையை ஆட்டிக்கொண்டிருக்க, லெமேர் மட்டும் அசையவே இல்லை. அப்புறம் லேசாக விட்டார், அவ்வளவுதான்.

நாலு நீளம். 2 நிமிடம் 21.8 விநாடி. இரண்டாவது லிபர்ட்டி ஐலண்ட். 17-ஆம் கேட்டிலிருந்து வந்த ஸ்டார்ஸ் ஆன் எர்த், ப்யூயிக் முதல் வளைவுக்குள்ளேயே உள்ளே கொண்டுவந்துவிட, ஒரு நீளம் பின்னால் மூன்றாவது. நாலாவது டூ டியூஸ். நாலு கிலோ கூடச் சுமந்துகொண்டு நாலு நீளத்தில் ஜெயித்தது என்றால், சம எடையில் எட்டு நீளம். மூன்று கிரீடம் வென்ற பெண் குதிரைக்கு எதிராக!

வின் 130 யென், முதல் இரண்டு குதிரைகளுக்கான குயினெல்லா 180, முதல் மூன்று குதிரைகளுக்கான ட்ரையோ 600. மதுரைத் தம்பி ட்ரையோவில் போட்டிருந்தார், டிக்கெட்டைப் பணமாக்காமல் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டார்.

லிபர்ட்டி ஐலண்டைப் பற்றி ஒன்று சொல்லியே ஆகவேண்டும். மூன்று வயதில், இந்த வரிசைக்கு எதிராக, யாரும் அவளைத் தாண்டாமல் இரண்டாவதாக வந்திருக்கிறாள். இதைத் தோல்விக் கணக்கில் எழுதக்கூடாது.

30 நவம்பர், வியாழன்

ஈக்வினாக்ஸ் ஓய்வு பெறுகிறது என்று இன்றைக்கு அறிவித்துவிட்டார்கள். தொடர்ந்து ஆறு ஜி-1 (முதல்தரப் பந்தய) வெற்றி, 220 கோடி யென்னுக்கு மேல் பரிசு. நாலே வயது. இன்னொரு வருஷம் ஓடியிருக்கலாம் என்ற ஆதங்கம் எனக்கு இருக்கிறது, ஆனால் முழு ஆரோக்கியத்தோடு தொழுவத்துக்குப் போகிறது, அது பெரிய நிம்மதி. 2016-இல் இதே ஜப்பான் கப்பை ஜெயித்த கிட்டசான் பிளாக்கின் மகன் இவன். இவனுடைய குட்டிகளை நான் இதே பேடாக்கில் பார்க்கவேண்டும்.

அடுத்தது டிசம்பர் 24, நகயாமாவில் அரிமா கினென், 2500 மீட்டர். நேர்ப்பாதை குட்டை, வளைவுகள் அதிகம். யுதாகா தகே கால் தேறித் திரும்பினால் டூ டியூஸைத்தான் முதலில் பார்ப்பேன், ஞாயிறன்று கடைசி இருநூறு மீட்டரில் அது ஓடியது கொஞ்சமும் களைத்த ஓட்டம் இல்லை. ஸ்டார்ஸ் ஆன் எர்த் வந்தால் இந்த முறையும் முதல் மூன்றில் எழுதிவைக்கிறேன். கேட் எண் வந்ததும் மீதி.