அணுகல் மறுக்கப்பட்டது: ஒரு மழைக்கால நாட்குறிப்பு

18 நவம்பர் 2024, திங்கள்

நவம்பர் 30க்குள் வருமான வரி விவரத்திரட்டு உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்குப் போய்ச் சேர வேண்டும். அதனால் யாழ்ப்பாணத்துக் கணக்காய்வு அலுவலகங்களில் இந்த மாதம் யாரும் சிரித்த முகத்தோடு தொலைபேசியை எடுப்பதில்லை. இன்று காலை கணினிப் பழுது பார்க்க என்னை அழைத்த அலுவலகமும் அப்படித்தான். இருபது கணினிகள் கொண்ட சிறிய விண்டோஸ் டொமைன் (பயனர் கணக்குகளை ஒரே இடத்திலிருந்து ஆளும் வலையமைப்பு), அதை நடத்தும் சேவையகமாக ஒரு டொமைன் கொன்ட்ரோலர். வாடிக்கையாளர் கோப்புகள் முழுவதும் நாஸ் எனப்படும், வலையமைப்பில் இணைந்த ஒரு சேமிப்புப் பெட்டியில் இருக்கின்றன. புதிதாகச் சேர்ந்த பயிலுநர் பிள்ளைக்குக் கோப்பு திறக்கிறது, ஆனால் சேமிக்க முடியவில்லை. அணுகல் மறுக்கப்பட்டது என்று ஒற்றை வரி வருகிறது.

மூத்த பங்காளர் வாசலிலேயே தீர்வைச் சொல்லிவிட்டார். "தம்பி, எல்லாருக்கும் முழு அனுமதியைக் கொடுத்துவிடுங்கள். முதலில் வேலை நடக்கட்டும்."

"கொடுத்தால் இன்றைக்கு வேலை நடக்கும் ஐயா. நாளைக்குச் சம்பளப் பட்டியலை எல்லாரும் வாசிப்பார்கள்" என்றேன். அதற்குப் பிறகு அவர் என்னை என் பாட்டில் விட்டுவிட்டார்.

இந்தப் பிழைச் செய்தியின் பெரிய குறை, மறுத்தது யார் என்பதைச் சொல்லாததுதான். வலையமைப்பு வழியாக ஒரு கோப்பைத் தொடும்போது இரண்டு அடுக்கில் சோதனை நடக்கிறது. முதலாவது, பகிர்வுக்கு (வலையமைப்பில் மற்றவர்களுக்குத் திறந்துவைத்த இடத்துக்கு) உரிய அனுமதி. நாஸ் என்றால் அது பெட்டியின் நிர்வாகப் பக்கத்தில் இருக்கும். இரண்டாவது, கோப்புறைக்கு உரிய அனுமதிப் பட்டியல். விண்டோஸில் வலது சொடுக்கி, பண்புகளுக்குப் போய், பாதுகாப்புத் தாவலில் பார்ப்பது இதைத்தான். இரண்டையும் கூட்டிப் பார்த்து, எது இறுக்கமோ அதுதான் செல்லும். இங்கே கோப்புறையில் பயிலுநர் குழுவுக்கு மாற்றும் உரிமை சரியாகவே இருந்தது. பகிர்வு அடுக்கில் அதே குழுவுக்கு வாசிப்பு மட்டும் என்று எப்போதோ யாரோ போட்டுவைத்திருக்கிறார்கள். பாதுகாப்புத் தாவலை மட்டும் நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தாலும் அது கண்ணில் படாது.

பகிர்வு அடுக்கைத் தளர்த்தி டொமைன் பயனர் எல்லாருக்கும் எழுதும் உரிமை கொடுத்துவிட்டு, யாருக்கு எது என்ற நுணுக்கத்தைக் கோப்புறை அடுக்கில் மட்டும் வைத்தேன். இரண்டு இடத்திலும் நுணுக்கம் பார்க்கிறவர்கள் பிறகு இரண்டு இடத்திலும் தேட வேண்டியிருக்கும்.

19 நவம்பர், செவ்வாய்

அந்தப் பிள்ளைக்கு நேற்றைய சிக்கல் தீர்ந்தது. இன்று இன்னொரு கோப்புறை திறக்கவில்லை. அதற்குரிய குழுவில் காலையில்தான் அவரைச் சேர்த்தேன். சேர்த்து ஒரு மணித்தியாலம் கழிந்தும் மறுப்பு அப்படியே இருந்தது.

"தங்கச்சி, கடைசியாக எப்போது வெளியேறி உள்நுழைந்தீர்கள்?"

"ஒவ்வொரு நாளும் பூட்டிவிட்டுத்தானே போகிறேன் அண்ணா."

திரையைப் பூட்டுவது வெளியேறுவது ஆகாது. யார் எந்தக் குழுவில் இருக்கிறார் என்ற விவரம் உள்நுழையும் நேரத்தில் கேர்பரோஸ் என்ற அடையாளச் சோதனை முறை கொடுக்கும் சீட்டில் எழுதப்படுகிறது. அதன் ஆயுள் வழக்கமாக 10 மணித்தியாலம். கையில் பழைய சீட்டு இருக்கும்வரை புதிய குழு நாஸுக்குத் தெரியாது. கட்டளைத் திரையில் ஹூ-ஆம்-ஐ (whoami) கட்டளையைக் குழுக்களோடு கேட்டுப் பார்த்தேன். புதிய குழுவின் பெயர் அங்கே இல்லை. வெளியேறி உள்நுழைந்தார், திறந்தது. அவ்வளவுதான்.

20 நவம்பர், புதன்

இன்றைய நாளை ஒரே ஒரு கோப்புறை தின்றது.

பங்காளர்களுக்கு மட்டும் உரிய இடத்தில் இருந்த ஒரு வாடிக்கையாளர் கோப்புறையை, தலைமை இலிகிதர் பொதுவான இடத்துக்கு வெட்டி ஒட்டியிருக்கிறார். பொதுவான இடத்தில் எல்லாருக்கும் அனுமதி உண்டு. ஆனால் இந்தக் கோப்புறை மட்டும் பங்காளர்களைத் தவிர ஒருவருக்கும் திறக்கவில்லை. "பக்கத்தில் இருப்பது எல்லாம் திறக்கிறது, இதற்கு மட்டும் என்ன வந்தது?" என்று அவர் கேட்டது நியாயமான கேள்வி.

அவர் காணி உறுதி எழுதும் குடும்பத்திலிருந்து வந்தவர் என்பதால் யாழ்ப்பாணத்து வழமைச் சட்டமான தேசவழமையை வைத்தே விளக்கினேன். பெற்றோர் வழி வருவது முதுசம். மணவாழ்வில் தாமே ஈட்டியது தேடிய தேட்டம். கோப்புறைக்கும் இரண்டு வகை அனுமதி இருக்கிறது: மேல் கோப்புறையிலிருந்து இறங்கி வருவது ஒன்று, அதன் மேலேயே நேரடியாக எழுதப்பட்டது இன்னொன்று. பிரதி எடுத்து ஒட்டினால் புதிதாக ஒரு கோப்புறை பிறக்கிறது. அது புதிய பெற்றோரின் முதுசத்தைப் பெறும். ஒரே தொகுதிக்குள் (சேமிப்பகத்தின் ஒரே பிரிவுக்குள்) வெட்டி ஒட்டினால் எதுவும் பிறப்பதில்லை. பழைய கோப்புறையே இடம் மாறுகிறது, பழைய பட்டியலையும் கையோடு கொண்டுவருகிறது. அவர் உடனே பிடித்துக்கொண்டார். "அப்படியென்றால் நான் மாற்றியது முகவரியை மட்டும்தான்" என்றார். எந்தப் பாடநூலும் இதை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லி நான் படித்ததில்லை.

மேல் கோப்புறையின் அனுமதியைப் பெறும்படி, அனுமதிப் பட்டியலைக் கையாளும் ஐகேக்ல்ஸ் (icacls) கட்டளையால் மீட்டமைத்தேன். முதலில் இருந்த பட்டியலை ஒரு கோப்பில் சேமித்துவிட்டே தொட்டேன். அதே கட்டளைக்குச் சேமிக்கவும் தெரியும், திரும்ப ஏற்றவும் தெரியும். சேமிக்காமல் மீட்டமைப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

மதியத்துக்குப் பிறகும் ஒருவருக்கு மட்டும் அதன் ஒரு பகுதி திறக்கவில்லை. பயிலுநராக இருந்து கணக்காய்வாளராக உயர்ந்தவர் அவர். பழைய குழுவிலிருந்து அவரை யாரும் எடுக்கவில்லை. உள்ளே ஒரு துணைக் கோப்புறையில் பயிலுநர் குழுவுக்கு நேரடி மறுப்பு எழுதப்பட்டிருந்தது; அதன் பரம்பரைத் தொடர்பும் துண்டிக்கப்பட்டிருந்ததால் காலையில் செய்த மீட்டமைப்பை அந்தத் துணைக் கோப்புறைக்கு நான் வேண்டுமென்றே நீட்டவில்லை. கணக்காய்வாளர் குழுவின் வழியாக அவருக்குக் கிடைத்த அனுமதியை அந்த மறுப்பு வென்றுவிட்டது.

சோதனையின் வரிசை இப்படி: நேரடி மறுப்பு, நேரடி அனுமதி, இறங்கி வந்த மறுப்பு, இறங்கி வந்த அனுமதி. மறுப்பே எப்போதும் வெல்லும் என்று பலர் நம்புகிறார்கள். அது முழு உண்மை அல்ல. மேலிருந்து இறங்கி வந்த மறுப்பை, அந்தக் கோப்புறையிலேயே நேரடியாகக் கொடுத்த அனுமதி மீறிவிடும். இந்த வரிசையை மனத்தில் வைத்துக் கணக்குப் போடுவதைவிட மறுப்பு என்ற பெட்டியையே தொடாமல் இருப்பது நல்லது. அனுமதி கொடுக்காமல் விட்டாலே ஒருவரால் உள்ளே வர முடியாது. பிறகு மறுப்பு எதற்கு?

21 நவம்பர், வியாழன்

கனடாவுக்குப் போனவரின் கணக்கு.

ஒருவர் கனடா போகிறார் என்று விடைபெற்றதும் அவருடைய டொமைன் கணக்கை அழித்திருக்கிறார்கள். சில மாதத்தில் அவர் திரும்பிவிட்டார். அதே பெயரில் புதிய கணக்கு திறந்து கொடுத்தார்கள். பழைய கோப்புறை ஒன்றும் திறக்கவில்லை. பாதுகாப்புத் தாவலில் அவருடைய பெயர் இருக்க வேண்டிய இடத்தில் நீளமான எண் வரிசை ஒன்று நிற்கிறது.

விண்டோஸ் ஆளைப் பெயரால் அறிவதில்லை; பாதுகாப்பு அடையாள எண்ணால் அறிகிறது. அழித்த கணக்கின் எண் புதிய கணக்குக்கு வராது, பெயர் எழுத்துக்கு எழுத்து ஒத்திருந்தாலும். இந்த ஊரில் போகிறவர் போனபடியே இருப்பார் என்று எண்ணிக் கணக்கை அழிப்பது அவசரம். முடக்கி வைத்தால் போதும். அனுமதியை ஆளுக்குக் கொடுக்காமல் குழுவுக்குக் கொடுத்திருந்தால் இன்று நான் போக வேண்டிய தேவையே இருந்திருக்காது.

22 நவம்பர், வெள்ளி

எக்செல் சேமிக்கவில்லை. நோட்பேட் சேமிக்கிறது. கோப்புறை ஒன்று, ஆளும் ஒருவரே.

கோப்புறையை எட்டிப் பார்த்தாலே விடை பாதி தெரிந்துவிடுகிறது. பெயர் புரியாத தற்காலிகக் கோப்புகள் உள்ளே குவிந்து கிடக்கின்றன. கடந்த ஆண்டு யாரோ ஒரு கோப்பை அழித்துவிட்டார்களாம். அதனால் "இனி ஒருவரும் எதையும் அழிக்கக் கூடாது" என்று உத்தரவு. அப்போதிருந்த தொழில்நுட்பவியலாளர் அழிக்கும் உரிமையை மட்டும் எடுத்துவிட்டு, எழுதும் உரிமையை விட்டுவைத்திருக்கிறார். கேட்பதற்கு எவ்வளவு சரியாக இருக்கிறது!

எக்செலும் வேர்டும் பழைய கோப்பின் மேலேயே எழுதுவதில்லை. முதலில் பக்கத்தில் ஒரு தற்காலிகக் கோப்பை எழுதுகின்றன, பிறகு பழையதை அகற்றிவிட்டுப் புதியதற்கு அதன் பெயரைச் சூட்டுகின்றன. எழுதும் நடுவில் மின்சாரம் போனாலும் பழைய பிரதி மிஞ்சுவதற்கான ஏற்பாடு அது. பெயர் மாற்றுவதற்கும் அழிக்கும் உரிமை வேண்டும். அது இல்லாதபோது தற்காலிகக் கோப்பு பிறக்கிறது, பெயர் மாற முடியாமல் அங்கேயே கிடக்கிறது. நோட்பேட் நேரடியாகக் கோப்பின் மேலேயே எழுதுகிறது, அதனால் தப்பியது.

மூத்த பங்காளரிடம் மாற்றும் உரிமையை முழுமையாகத் திரும்பக் கொடுக்கச் சம்மதம் கேட்டேன். "அழித்துவிட்டால்?" என்றார். அழித்தால் மீட்கும் வழியைத்தான் செய்ய வேண்டும்: நாஸில் மணிக்கொரு தரம் ஸ்னாப்ஷொட் (அந்த நேரத்து நிலையின் பதிவு), பகிர்வுக்கு ஒரு குப்பைத்தொட்டி. அவர் கண் முன்னாலேயே ஒரு கோப்பை அழித்து, மீட்டுக் காட்டினேன். அதற்குப் பிறகுதான் தலையசைத்தார். முழுக் கட்டுப்பாடு மட்டும் ஊழியர் எவருக்கும் இல்லை. அது இருந்தால் அனுமதிப் பட்டியலையே திருத்தலாம். மாற்றும் உரிமைக்கு அந்த வலு கிடையாது.

25 நவம்பர், திங்கள்

மழை. க.பொ.த. உயர்தரப் பரீட்சை இன்று தொடங்கியது. குடையும் பொலித்தீன் உறையுமாகப் பிள்ளைகள் போகிறார்கள். அலுவலகத்திலிருந்து அழைப்பு ஏதும் இல்லை.

27 நவம்பர், புதன்

வங்காள விரிகுடாவில் ஆழ்ந்த தாழமுக்கம். வடக்கும் கிழக்கும் நனைந்து ஊறுகின்றன. பரீட்சையை இன்றிலிருந்து ஒத்திவைத்துவிட்டார்கள். இரவு மின்சாரம் போய், யூ.பி.எஸ். பற்றரி தீர்ந்து, நாஸ் அணைந்திருக்கிறது. காலையில் மின்சாரம் வந்ததும் தானாக எழுந்தது. ஆனால் ஒருவருக்கும் எதுவும் திறக்கவில்லை. இணையமும் இல்லை. முழங்கால் தண்ணீரில் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன்.

எல்லாருக்கும் ஒரே நேரத்தில் மறுப்பு வந்தால் அனுமதிப் பட்டியலைத் தொடவே கூடாது. பட்டியல் இரவோடு இரவாக மாறுவதில்லை. இளைய பங்காளர் அதற்குள் ஒன்றைக் கண்டுபிடித்து வைத்திருந்தார்: நாஸின் பெயரைப் போட்டால் மறுக்கிறது, அதன் எண் முகவரியான ஐ.பி. முகவரியைப் போட்டால் திறக்கிறது. அவர் அதை ஒரு வழியாகப் பார்த்தார். எனக்கு அது தடயமாகத் தெரிந்தது. பெயரால் போகும்போது கேர்பரோஸ் முறையில் அடையாளம் சோதிக்கப்படும், ஐ.பி. முகவரியால் போனால் வழக்கமாகப் பழைய என்.டி.எல்.எம். முறைக்கு இறங்கிவிடும். ஆகவே பழுது கேர்பரோஸில். கேர்பரோஸுக்கு ஒரு பிடிவாதம் உண்டு: இரு பக்கக் கடிகாரங்களுக்கும் இடையே 5 நிமிடத்துக்கு மேல் வேறுபாடு இருந்தால் சீட்டை ஏற்காது. திருடப்பட்ட பழைய சீட்டை யாரும் மறுபடி நீட்டக் கூடாது என்பதற்கான எல்லை அது.

நாஸின் நேரம் பதினேழு நிமிடம் பின்னால் நின்றது. நேரத்தை இணையத்திலிருந்து எடுக்கும்படி அமைத்திருந்தார்கள். இணையம் இல்லாததால் எழுந்தவுடன் பெட்டிக்குள் இருக்கும் கடிகாரத்தையே நம்பியிருக்கிறது. நேரத்தைத் திருத்தி, இனி டொமைன் கொன்ட்ரோலரிடமே நேரம் கேட்கும்படி மாற்றினேன். கணினிகளும் அதனிடம்தான் கேட்கின்றன. டொமைனுக்குள் எல்லாரும் ஒரே நேரத்தைச் சொன்னால் போதும், வெளியே மழை கொட்டினாலும்.

எல்லாக் கணினியிலும் குறுக்குவழியை ஐ.பி. முகவரிக்கு மாற்றிவிடலாமா என்று இளைய பங்காளர் கேட்டார். வேண்டாம் என்றேன்.

28 நவம்பர், வியாழன்

இன்று முறைப்பாடு எதுவும் வரவில்லை. நானாகத் தேடிப் போனேன். ஒருவருக்குக் குறைவாக இருந்தால் அவர் அழைப்பார். கூடுதலாக இருந்தால் யார் அழைப்பார்? அதற்குப் பிழைச் செய்தியும் கிடையாது.

நாஸின் நிர்வாகப் பக்கத்தில் யார் யார் இணைந்திருக்கிறார்கள் என்ற பட்டியலைத் திறந்தேன். வரவேற்பு மேசைக் கணினி, நாஸின் நிர்வாகி என்ற பெயரில் இணைந்திருந்தது. அங்கே இருப்பவருக்கே அது தெரியாது. முன்பு எப்போதோ ஒரு மறுப்பைச் சமாளிக்க யாரோ நிர்வாகியின் கடவுச்சொல்லை அந்தக் கணினியில் கடவுச்சொற்களை வைத்திருக்கும் சான்று நிர்வாகியில் (Credential Manager) சேமித்து, நினைவில் வை என்பதையும் தட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். அன்றிலிருந்து அந்த மேசைக்குச் சம்பளப் பட்டியலும் திறந்திருக்கிறது, பங்காளர்களின் கடிதங்களும் திறந்திருக்கின்றன. சேமித்ததை அகற்றி, பழைய இணைப்புகளை நெட் யூஸ் (net use) கட்டளையால் துண்டித்து, நிர்வாகியின் கடவுச்சொல்லையும் மாற்றினேன்.

மூத்த பங்காளரிடம் சொன்னபோது அவர் முகம் மாறியது. முதல் நாள் எல்லாருக்கும் முழு அனுமதி கேட்டவர் அவர்தான் என்பதை நான் நினைவூட்டவில்லை.

29 நவம்பர், வெள்ளி

மழை கொஞ்சம் விட்டிருக்கிறது. விவரத்திரட்டுகள் போய்க்கொண்டிருக்கின்றன.

முழு அனுமதிப் பட்டியலையும் ஐகேக்ல்ஸால் சேமித்து, ஒரு பிரதியை நாஸுக்கு வெளியே வைத்தேன். தலைமை இலிகிதருக்கு ஒரு பக்கக் குறிப்பு எழுதிக் கொடுத்தேன்: புதியவர் வந்தால் எந்தக் குழு; ஒருவர் பதவி உயர்ந்தால் எந்தக் குழுவிலிருந்து எடுப்பது; ஒரு கோப்புறையை வேறு இடத்துக்கு மாற்ற வேண்டுமென்றால் பிரதி எடுத்து ஒட்டி, சரிபார்த்த பிறகே பழையதை அழிப்பது. அவர் அதை மடித்துச் சட்டைப் பையில் வைக்காமல் மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைத்தார். நம்பிக்கை தரும் அறிகுறி.

யூ.பி.எஸ். பற்றரிக்கு விலை கேட்டுச் சொன்னேன். "முப்பதாம் திகதி கழியட்டும் தம்பி, பார்ப்போம்" என்றார் மூத்த பங்காளர்.