இரண்டு பவுன் ஈயம்: 44 மேக்னம் தோட்டாவைக் கையால் போட்டுப் பார்த்த எட்டு மாதம்

ஜூன்

ரிவால்வர் வாங்கியாயிற்று. ரூகர் சூப்பர் பிளாக்ஹாக், 44 மேக்னம் என்ற வலுவான தோட்டாவுக்கானது, ஏழரை அங்குலக் குழல். பழையதுதான், ஆனால் முந்தைய சொந்தக்காரர் நன்றாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஒவ்வொரு முறையும் சுத்தியலைக் கட்டைவிரலால் இழுத்துச் சுட வேண்டிய வகை. 1973க்குப் பிறகு வந்த மாடல் என்பதால் ஆறு அறையிலும் தோட்டா போட்டு எடுத்துப் போகலாம். அதற்கு முந்தையவற்றில் சுத்தியலுக்கு நேரே ஓர் அறையைக் காலியாக விட வேண்டும். இல்லாவிட்டால் கீழே விழுந்தால் வெடித்துவிடலாம்.

டெக்சாஸில் லானோ பக்கம் பண்ணை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் இரண்டு வருடமாக என்னைக் காட்டுப்பன்றி வேட்டைக்குக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார். ஸ்பானியர் காலத்தில் வந்த வீட்டுப் பன்றியும், பிற்பாடு வேட்டைக்காகவே கொண்டுவந்து விட்ட ஐரோப்பியக் காட்டுப்பன்றியும் கலந்த இனம் அது. ஒரு கூட்டம் வந்தால் ஒரே ராத்திரியில் மேய்ச்சல் நிலத்தை ஏர் ஓட்டியதுபோலக் கிளறிவிட்டுப் போகும். அதனால்தான் 2019 செப்டம்பரிலிருந்து, தனியார் நிலத்தில் உரிமையாளர் அனுமதி இருந்தால் இந்தப் பன்றியைச் சுட வேட்டை உரிமம்கூட வேண்டாம் என்று இங்கே சட்டத்தை மாற்றினார்கள். அவர் நிலத்தில் ஓடைக்கரை முழுக்கச் சீடர் புதர். முப்பது கெஜத்துக்கு மேல் எதுவும் தெரியாது. அந்த நெருக்கத்தில் நீளமான ரைபிளைத் திருப்புவதைவிட இடுப்பில் இருக்கும் ரிவால்வர் சௌகரியம்.

கடையில் 44 மேக்னம் தோட்டா ஒன்று ஒரு டாலருக்கு மேல் போகிறது. கை பழக மாதம் 200 சுட வேண்டும். ஆக, சுட்ட பித்தளைக் கூட்டில் மருந்தும் குண்டும் நிரப்பி நானே தோட்டா போட்டுக்கொள்வது என்று முடிவெடுத்தேன். சொந்த உபயோகத்துக்குப் போட அமெரிக்காவில் தனி உரிமம் வேண்டியதில்லை, விற்பதாக இருந்தால்தான் வேண்டும். ஊரிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: இந்தியாவில் உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது படைக்கலச் சட்டப்படி குற்றம். இது இங்கே நடந்த கதை என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இதைவிட வலுவான 454 கசுல் தோட்டாவுக்கான ரிவால்வர் வாங்கலாமா என்றும் யோசித்தேன். 44 மேக்னத்தின் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 36,000 பவுண்டு. கார் டயரில் 35 பவுண்டு காற்று அடிக்கிறோமே, அதைப்போல ஆயிரம் மடங்கு. கசுலில் 65,000. பன்றிக்கு அவ்வளவு தேவையே இல்லை, என் மணிக்கட்டுக்கும் தாங்காது.

ஜூலை

பட்டறை தயார். கார் நிறுத்தும் கொட்டகையில் ஒரு மரமேசை, அதில் ஒற்றை நிலை பிரஸ் (கைப்பிடியை இழுத்தால் ஒரு நேரத்தில் ஒரே வேலை செய்யும் அழுத்தி), அச்சு மூன்று, தராசு, வெர்னியர், ஐம்பது குழி உள்ள மரப்பலகை. கை இழுக்க இழுக்கத் தோட்டா விழுகிற பிரஸ்களும் உண்டு. புதிதாகத் தொடங்குகிறவர் அவற்றின் பக்கமே போகக்கூடாது என்பது என் கட்சி. ஒரு வேலையை ஐம்பது கூட்டுக்கும் முடித்த பிறகே அடுத்த வேலை என்று போனால்தான் ஒவ்வொன்றிலும் என்ன நடக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும்.

வேலை முறை பெரிய ரகசியமல்ல. சுட்ட பித்தளைக் கூட்டைத் துலக்கி, அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, எரிந்த ப்ரைமரை, அதாவது அடியில் இருந்து மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடியைத் தள்ளி, புதியதைப் பொருத்தி, வாயைச் சற்றே விரித்து, வெடிமருந்தை அளந்து போட்டு, குண்டை உட்கார வைத்து, வாயை உள்பக்கம் மடித்துவிட வேண்டும். இந்தக் கடைசி மடிப்புக்குக் கிரிம்ப் என்று பெயர். இதைச் சாதாரணமாக நினைத்து நான் பட்டதைப் பிறகு எழுதுகிறேன்.

எடையெல்லாம் கிரெய்ன் கணக்கு. 7,000 கிரெய்ன் ஒரு பவுண்டு. தொடக்கத்தில் மனதில் நிற்கவே இல்லை. அப்புறம் பவுனாக மாற்றிப் பார்த்தேன். 240 கிரெய்ன் குண்டு என்றால் பதினைந்தரை கிராம், அதாவது இரண்டு பவுனுக்கு அரை கிராம் குறைவு. 300 கிரெய்ன் என்றால் ஏறக்குறைய இரண்டரைப் பவுன். உள்ளங்கையில் வைத்ததுமே பிடிபட்டுவிட்டது.

மருந்தின் அளவுகளை இங்கே எழுதப்போவதில்லை. மருந்து தயாரிப்பாளரும் குண்டு தயாரிப்பாளரும் சோதித்துக் கைநூல் போடுகிறார்கள். அதில் உங்கள் குண்டுக்கு நேரே உள்ள தொடக்க அளவிலிருந்து படிப்படியாக ஏற வேண்டும். வேறொருவன் துப்பாக்கியில் ஓடியது உங்கள் துப்பாக்கியில் அப்படியே ஓட வேண்டும் என்று கட்டாயமில்லை.

ஆகஸ்ட்

முதலில் வேகத்தைத்தான் துரத்தினேன். ஹார்னடி கம்பெனியின் 240 கிரெய்ன் எக்ஸ்டிபி, செம்புறை போட்ட குழிமூக்குக் குண்டு. மருந்து எச்110. வின்செஸ்டர் 296 என்று விற்பதும் இதே மருந்துதான், டப்பாதான் வேறு. மெதுவாக எரியும் உருண்டை மருந்து, கூட்டை நிரப்பிப் போட வேண்டும், மேக்னம் ப்ரைமர் வேண்டும். அதிகம் போடுவது மட்டுமல்ல, குறைத்துப் போடுவதும் இதில் ஆபத்து. சரியாகப் பற்றாமல் குண்டு குழலுக்குள்ளேயே நின்றுவிடலாம்.

வேகமானியில் சராசரி வினாடிக்கு 1,370 அடி. 25 கெஜத்தில் ஐந்து குண்டும் இரண்டு அங்குலத்துக்குள். காகிதத்தில் அழகு. ஆனால் இருபது தோட்டா முடிவதற்குள் சூப்பர் பிளாக்ஹாக்கின் சதுர முதுகுள்ள விசைக்காப்பு நடுவிரல் முட்டியில் இடித்து இடித்துத் தோல் உரிந்துவிட்டது. அடுத்த இருபதில் விசையை இழுக்கும் முன்பே கை தானாகச் சுருங்கத் தொடங்கியது. அது மோசமான அறிகுறி. கை சுருங்கினால் அதுவரை சேர்த்த துல்லியம் போயிற்று.

பெரியவரிடம் காட்டினேன். விரலைப் பார்த்துவிட்டு, எல்மர் கீத் வழிக்கு வா என்றார்.

கீத் ஐடஹோவில் மாடு மேய்த்துப் பண்ணை நடத்திய மனிதர். 44 மேக்னம் பிறந்ததே அவரால்தான் என்று சொல்லலாம். பழைய 44 ஸ்பெஷல் தோட்டாவில் கனமான ஈயக் குண்டும் 2400 என்ற மருந்தும் போட்டு வருடக்கணக்காகச் சோதித்து, இதைத் தயாரியுங்கள் என்று கம்பெனிகளை விடாமல் நச்சரித்தார். ஸ்மித் அண்ட் வெஸ்ஸனும் ரெமிங்டனும் சேர்ந்து 1955 முடிவில் அதை நிஜமாக்கின. பலவீனமான பழைய 44 ஸ்பெஷல் துப்பாக்கியில் தவறிக்கூட நுழையக் கூடாது என்று கூட்டின் நீளத்தை எட்டில் ஒரு அங்குலம் கூட்டினார்கள். என்னை மிகவும் கவர்ந்தது இந்த முன்யோசனை. இன்னொன்று, 44 என்பது பெயர்தான். குண்டின் உண்மையான விட்டம் 0.429 அங்குலம்.

கீத் வடிவமைத்த குண்டு வார்ப்பட ஈயம், முன்பக்கம் தட்டையாக வெட்டியது, பக்கத்தில் கூரான தோள். பன்றிக்கு இது ஏன் பொருத்தம் என்றால், முதிர்ந்த ஆண் பன்றியின் தோள்பட்டைமேல் கேடயம்போல் தடித்த குருத்துத் தோல் இருக்கும். குழிமூக்குக் குண்டு விரிந்து அங்கேயே சக்தியை இழந்துவிடலாம். கெட்டி ஈயத்தில் வார்த்த தட்டைமூக்குக் குண்டு விரியாது, நேராகப் போய் மறுபக்கம் வெளியே வரும்.

செப்டம்பர்

ஈயக் குண்டு 500 வாங்கிப் போட்டுப் பார்த்தேன். 25 கெஜத்தில் ஐந்து அங்குலம் சிதறியது. முப்பது தோட்டாவுக்குப் பிறகு குழலுக்குள் டார்ச் அடித்தால் வரிப்பள்ளமெல்லாம் ஈயம் அப்பிக் கிடந்தது. செம்புநாரைத் தூரிகையில் சுற்றித் தேய்த்து எடுக்க ஒரு மணி நேரம் ஆயிற்று.

ஈயம் போதிய கெட்டி இல்லை போலிருக்கிறது என்று இன்னும் கெட்டியானதை வாங்கினேன். அப்போதும் அதே கதை. பிறகுதான் அளக்கத் தோன்றியது.

ஆறு அறையும் உள்ள சுழலும் உருளையை, அதாவது சிலிண்டரைக் கழற்றி மேசைமேல் வைத்தேன். மென்மையான ஈயக் குண்டு ஒன்றுக்கு எண்ணெய் தடவி, ஓர் அறையின் முன்வாயில் வைத்து மரக்குச்சியால் தட்டித் தள்ளினேன். இறுக்கமாக நுழைந்து, மறுபக்கம் பளபளவென்று வந்து விழுந்தது. பள்ளிக்கூட இயற்பியல் செய்முறையில் படித்த அதே திருகு அளவியால் அளந்தால் 0.4315 அங்குலம். ஆறு அறையும் அப்படித்தான். நான் வாங்கிய குண்டின் பெட்டியில் 0.430 என்று போட்டிருந்தது, அளந்தால் 0.429 தான் இருந்தது. விற்றவரிடம் கேட்டேன், பதிலே வரவில்லை.

விஷயம் புரிந்துவிட்டது. குண்டு அறைவாயைவிடச் சிறிதாக இருந்தால் சூடான வாயு அதன் ஓரமாகப் பீறிட்டுப் போய் ஈயத்தை அரித்துக் குழலில் பூசிவிடும். கெட்டி ஈயம் அந்த அழுத்தத்தில் விரிந்து இடைவெளியை அடைக்காது. அதனால் கெட்டியாக்க ஆக்க நிலைமை மோசமாகிறது. ஓரளவு கெட்டியான ஈயத்தில் 0.432 அளவுக்கு வார்த்த 250 கிரெய்ன் கீத் குண்டு வரவழைத்தேன். மருந்து 2400, உச்சத்துக்கு நன்றாகக் கீழே. வேகம் 1,160 அடி. சிதறல் ஒன்றே முக்கால் அங்குலம்! ஐம்பது சுட்ட பிறகும் குழல் சுத்தம். அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தக் காகிதத்தைப் பக்கத்து இருக்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

அக்டோபர்

இந்த மாதம் நடந்த இரண்டு விஷயத்தையும் மறைக்காமல் எழுத வேண்டும்.

முதலாவது கிரிம்ப். ஆசைக்கு 300 கிரெய்ன் குண்டிலும் கொஞ்சம் போட்டிருந்தேன். சுடுதளத்தில் நான்கு சுட்டேன். ஐந்தாவதுக்குச் சுத்தியலை இழுத்தால் சிலிண்டர் சுற்றவில்லை. குழலை மண்மேட்டுப் பக்கமே பிடித்தபடி தளப் பொறுப்பாளரைக் கூப்பிட்டேன். ஒவ்வொரு வெடிக்கும் துப்பாக்கி பின்னால் குதிக்கும்போது, கூடு அதனோடு பின்னால் வந்துவிடுகிறது. கனமான குண்டு இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது. பிடி தளர்வாக இருந்ததால் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே ஊர்ந்து, மூக்கு சிலிண்டர் முகத்தைத் தாண்டி நீட்டிக்கொண்டு சட்டத்தில் முட்டி நின்றுவிட்டது. அவர் மரக்குச்சியால் மெல்லப் பின்னுக்கு அழுத்திச் சிலிண்டரைக் கழற்றித் தந்தார்.

வீட்டில் வந்து கூடுகளை அளந்தேன். ஒவ்வொன்றும் ஒவ்வொரு நீளம். நீளமான கூட்டுக்கு மடிப்பு ஆழமாக விழுந்திருக்கிறது, குட்டைக் கூட்டுக்கு வாய் லேசாகத் தொட்டதோடு சரி. எல்லாவற்றையும் 1.275 அங்குலத்துக்குச் சீவினேன். குண்டை உட்கார வைப்பதையும் வாய் மடிப்பதையும் ஒரே இழுப்பில் செய்வதை விட்டுவிட்டுத் தனித்தனி வேலையாக்கினேன். இப்போது சோதனை இதுதான்: ஆறாவது தோட்டாவின் நீளத்தை முன்கூட்டியே குறித்துக்கொண்டு, ஐந்து சுட்ட பிறகு அதை வெளியே எடுத்து மறுபடி வெர்னியரில் வைப்பேன். முள் நகரவில்லை என்றால்தான் அந்தத் தொகுதி தேறியது.

இரண்டாவதை நினைத்தால் இன்னும் நெஞ்சு படபடக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மருந்து போட்டுக்கொண்டிருக்கும்போது அம்மா ஊரிலிருந்து கூப்பிட்டார். “என்னப்பா, சாப்பிட்டியா?” என்று தொடங்கி, பக்கத்து வீட்டுக் கல்யாணம்வரை கால் மணி நேரம் பேசினோம். பேசிக்கொண்டே கையும் வேலை செய்தது. கடைசியில் வழக்கம்போலப் பலகைமேல் டார்ச்சைச் சாய்த்து அடித்தேன். நாற்பத்தொன்பது கூட்டிலும் மருந்து ஒரே மட்டத்தில் தெரிந்தது. நான்காம் வரிசையில் ஒன்று மட்டும் அடிவரை இருட்டு. உள்ளே ப்ரைமரின் துளை சிறு புள்ளியாகத் தெரிந்தது.

அதை அப்படியே மூடியிருந்தால், ப்ரைமர் மட்டும் வெடித்துக் குண்டைக் குழலுக்குள் தள்ளிச் சிக்க வைத்திருக்கலாம். சத்தம் சின்னதாகக் கேட்டதே என்று யோசிக்காமல் அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கலாம். ஐம்பதையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து போட்டேன். இப்போது போன் வீட்டுக்குள் இருக்கும். கொட்டகைக் கதவு மூடியிருக்கும். அம்மாவிடமும் ஞாயிறு காலை பத்து மணிக்கு மேல் நானே கூப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

நவம்பர், டிசம்பர்

பயிற்சி மட்டும். 2400 போட்ட அந்த ஒரே வகைத் தோட்டா, மாதம் 200. உட்கார்ந்து, ஒரு முழங்கால் ஊன்றி, மரத்தில் சாய்ந்து. நாற்பது கெஜத்தில் சாப்பாட்டுத் தட்டு அளவு வட்டத்துக்குள் எல்லாம் விழுகிறது. அதற்கு மேல் தூரத்தில் சுடுவதில்லை என்று வரம்பு வைத்துக்கொண்டேன். நடுவிரல் ஆறிவிட்டது. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கைகழுவாமல் எதையும் தொடுவதில்லை. ஈயத்தோடு விளையாடக் கூடாது, வீட்டில் குழந்தை இருக்கிறது.

ஜனவரி

பொழுது சாய்கிற நேரம், ஓடைக்கரை. ஏழெட்டுப் பன்றிகள் ஓக் மரத்தடியில் கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்தன. காற்று எங்கள் முகத்துக்கு. முப்பது தப்படி தூரத்தில் ஒன்று பக்கவாட்டில் திரும்பி நின்றது. சுத்தியலை இழுத்தேன், முன்காலுக்கு நேர் பின்னே, உடம்பின் கீழ் மூன்றில் ஒரு பங்கில் குறி வைத்தேன். சத்தம் கேட்டதே எனக்கு நினைவில்லை. அது இருபதடி ஓடிச் சாய்ந்தது.

பெரியவர் வந்து பார்த்தார். நுழைந்த இடத்தில் விரல்கனம் துளை, கேடயத் தோலைத் தாண்டி, மறுபக்கமும் அதே அளவில் வெளியே போயிருந்தது. சதை அதிகம் பாழாகவில்லை. அறுக்கும்போது கையுறை போட்டுக்கொண்டோம், காட்டுப்பன்றியிடமிருந்து புரூசெல்லோசிஸ் என்ற நோய் தொற்றும். தொடைக்கறியை நன்றாக வேகவைத்து மிளகு வறுவல் செய்தோம். பெரியவர் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

நேற்று கொட்டகையில் கூடுகளைத் துலக்கினேன். அந்த ஐம்பதுக்கு இது ஏழாவது சுற்று. ஒன்றின் வாயில் மயிரிழைக் கீறல். அதைக் குறட்டால் நசுக்கிப் பழைய பித்தளை டப்பாவில் போட்டுவிட்டேன். மீதி நாற்பத்தொன்பதை அளந்து, பெட்டிமேல் தேதியும் குண்டின் அளவும் மருந்தின் பெயரும் எட்டாவது சுற்று என்றும் எழுதி ஒட்டியிருக்கிறேன்.