மூக்கு, காது மடல், நெஞ்சுக்குழி

ஐசியூவில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ரைல்ஸ் ட்யூப் (மூக்கு வழியாக வயிற்றுக்குள் விடும் குழாய்) போட்டதும் சிரிஞ்சால் காற்றடித்து, வயிற்றில் ஸ்டெத் வைத்து 'புஸ்' சத்தம் கேட்டால் போதும் என்றுதான் நினைத்திருந்தேன். ஒருநாள் சத்தம் நன்றாகவே கேட்டது. சீனியர் அக்காவுக்கு மட்டும் திருப்தியில்லை. எக்ஸ்ரே வரும்வரை கஞ்சித் தண்ணீரைக்கூடத் தொட விடவில்லை. படத்தில் குழாய் வலது நுரையீரலுக்குள் கிடந்தது. ஆழ்ந்த மயக்கத்தில் இருந்த அந்தத் தாத்தா ஒருமுறைகூட இருமவில்லை.

இப்போது மூக்கிலிருந்து காது மடல், அங்கிருந்து நெஞ்சுக்குழி என்று அளந்துதான் போடுகிறேன். குழாய் வழியே உறிஞ்சியெடுத்த நீரின் பிஹெச் (அமிலத்தன்மை அளவு) 5.5-க்குள் இருக்கிறதா என்று பார்ப்பேன், இல்லையென்றால் எக்ஸ்ரேதான். குழாய் வழியே ஃபீடு (திரவ உணவு) கொடுக்கும்போது தலைமாடு 30 டிகிரியாவது உயர்ந்திருக்க வேண்டும். அப்புறம் இந்த மாத்திரை! நன்றாகப் பொடிக்காவிட்டால் குழாய் அடைத்துக்கொள்ளும். தண்ணீர் விட்டுக் கழுவ மறந்த ஒரு நைட் டியூட்டியில், வெதுவெதுப்பான நீரும் சிரிஞ்சுமாக அரைமணி நேரம் மல்லுக்கட்டியிருக்கிறேன்.