யாரைக் கேட்பது, எப்போது கேட்பது

டேட்டிங் வன்முறையை, அதாவது காதல் ஜோடிகளுக்குள் நடக்கும் வன்முறையைத் தடுக்கும் திட்டம் ஒன்று பள்ளியில் முடிந்த மறுவாரமே கேள்வித்தாள் கொடுத்தால் நல்ல முடிவுதான் வரும். 'பொறாமைப்படுவது காதலின் அடையாளம்' என்ற வரிக்கு நேரே முன்பு 'ஆம்' போட்ட பிள்ளைகள் இப்போது 'இல்லை' போடுவார்கள். எதைப் போட வேண்டும் என்று பத்து வகுப்புகளாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறோமே! அறைவதும் தள்ளுவதும் போனைப் பிடுங்கிப் பார்ப்பதும் குறைந்தனவா என்பது வேறு கேள்வி. 2014-இல் 23 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும், அறிவிலும் மனப்பான்மையிலும் தெரிந்த மாற்றம் நடத்தையில் அந்த அளவுக்குத் தெரியவில்லை.

நடத்தையை அளக்கும்போது முதலில் கோட்டை விடும் இடம் காலவரையறை. 'இதுவரை எப்போதாவது உங்கள் ஜோடி உங்களை அடித்ததுண்டா?' என்று கேட்டால், திட்டம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அந்த எண்ணிக்கை குறையாது. ஒருமுறை 'ஆம்' என்றவர் ஆறு மாதம் கழித்தும் 'ஆம்' என்றே சொல்ல வேண்டும். 'கடந்த மூன்று மாதங்களில்' என்று எல்லை கட்டிக் கேட்டால்தான் ஏற்ற இறக்கம் தெரியும். 'வன்முறை', 'துன்புறுத்தல்' போன்ற சொற்களும் கேள்விக்குள் வரக்கூடாது. போனை நோண்டுவதை அன்பு என்று நினைத்திருந்த பெண், பாடம் கேட்டபின் அதைத் துன்புறுத்தல் என்று எண்ணத் தொடங்குவாள். பாடம் பலித்ததாலேயே எண்ணிக்கை ஏறும், அறிக்கையிலோ திட்டம் தோற்றதாகப் பதிவாகும். தள்ளினாரா, அறைந்தாரா, பொருளை வீசினாரா என்று செயல் செயலாகக் கேட்க வேண்டும். விளையாட்டுக்குத் தட்டியதைச் சேர்க்க வேண்டாம் என்று ஒரு வரியும் வேண்டும். பதின்மூன்று வயதில் முதுகில் ஓங்கி அடிப்பதுதான் பாதிப் பிள்ளைகளுக்கு நட்பே.

அடுத்தது, யாரைக் கணக்கில் எடுப்பது. ஆறாம், ஏழாம் வகுப்பில் பலருக்கு ஜோடியே இருக்காது. 1,000 பேரில் 400 பேர் டேட்டிங்கில் இருக்கிறார்கள், அதில் பத்தில் ஒருவர் அடி வாங்குகிறார் என்று வைத்துக்கொண்டால் மிஞ்சுவது 40 பேர். ஆயிரம் பேர் கணக்கில் அது சிறிய எண். ஜோடி உள்ளவர்களை மட்டும் ஒப்பிடலாமே என்று தோன்றும். அது பொறி. பாடம் கேட்டபின் சிலர் மோசமான உறவை முறித்துக்கொண்டு வெளியே வந்திருப்பார்கள். அவர்கள் அந்தக் கணக்கிலேயே வரமாட்டார்கள். அதனால் தொடக்கத்தில் சேர்த்த எல்லோரையும் வைத்து ஒரு கணக்கு, ஜோடி உள்ளவர்களை மட்டும் வைத்து ஒரு கணக்கு என்று இரண்டையும் காட்டுவதே நேர்மை.

கேள்வித்தாள் கொடுக்கும் அறையிலும் கவனம் வேண்டும். ஜோடி இல்லாதவர்கள் பாதிப் பக்கங்களைத் தாண்டிவிட்டுச் சீக்கிரம் பேனாவை மூடினால், யாருக்கு ஜோடி உண்டு என்று வகுப்புக்கே தெரிந்துவிடும். அதற்காகத்தான் அவர்களுக்கும் அதே நீளத்தில், நண்பர்களைப் பற்றிய கேள்விகள் வைப்பது. உதவி எண் அச்சிட்ட அட்டையை எல்லோருக்கும் கொடுக்க வேண்டும். ஒருவர் பையில் மட்டும் அது இருந்தால் ஜோடியின் கண்ணில் பட்டு வம்பாகும். ஒரே பிள்ளை முன்பும் பின்பும் எழுதிய தாள்களைச் சேர்த்துப் பார்ப்பதற்காக, பெயருக்குப் பதில் எழுதச் சொல்லும் ரகசியக் குறியீடும் அடிக்கடி சொதப்பும். அம்மா பெயரின் முதலெழுத்து கேட்டால் முதல்முறை முழுப்பெயரில் இருந்தும் மறுமுறை செல்லப்பெயரில் இருந்தும் எழுதுவார்கள். ஆறு கூறுகள் கேட்டு, ஒன்று பிசகினாலும் ஒரே ஆள் என்று ஏற்றால் இழப்பு குறையும். பெற்றோர் கையெழுத்துத் தாளுக்குப் பரிசு வைத்தால், சம்மதமோ மறுப்போ, தாள் திரும்பி வந்ததற்கே பரிசு.

திட்டம் நடக்கும் பிரிவு, ஒப்பிட்டுப் பார்க்கத் திட்டம் இல்லாத பிரிவு என்று குலுக்கிப் பிரிப்பது மாணவர்களை அல்ல, பள்ளிகளை. ஒரே பள்ளிப் பிள்ளைகள் ஓரளவு ஒரே மாதிரி இருப்பார்கள். பூஜ்யத்தில் இருந்து ஒன்று வரை போகும் அளவுகோலில் அந்த ஒற்றுமை வெறும் 0.02 என்றாலும், பள்ளிக்கு 100 பேர் என்றால் 1 + 99 × 0.02 = 2.98. கேட்டவர்களின் எண்ணிக்கையை இதால் வகுக்க வேண்டும். இருபது பள்ளிகளில் 2,000 பேரைக் கேட்டாலும் கையில் இருப்பது ஏறத்தாழ 670 பேரின் பலம்தான். இன்னும் நூறு மாணவர்களைச் சேர்ப்பதைவிட இன்னும் இரண்டு பள்ளிகளைச் சேர்ப்பது மேல். பட்ஜெட் போடுபவர்களுக்கு இதைப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

கிடைத்த எண்ணைப் பிரித்துப் பார்க்காவிட்டாலும் ஏமாறுவோம். கனடாவின் ஒன்டாரியோவில் 20 பள்ளிகளில், ஒன்பதாம் வகுப்பு உடல்நலப் பாடத்துக்குள் 21 வகுப்புகளாக நடந்த 'ஃபோர்த் ஆர்' திட்டத்தை எடுத்துக்கொள்ளலாம். இரண்டரை ஆண்டு கழித்து, ஜோடியை அடித்ததாகச் சொன்னவர்கள் ஒப்பீட்டுப் பள்ளிகளில் 9.8 சதவீதம், திட்டப் பள்ளிகளில் 7.4. ஆண் பிள்ளைகளிடம் மட்டும் பார்த்தால் 7.1-க்கு எதிராக 2.7, பெண்களிடம் 12.1-க்கு எதிராக 11.9. முழு மாற்றமும் ஒரு பக்கத்தில்தான். பெண்களின் எண் பெரிதாக இருப்பதைப் பார்த்ததும் முடிவுகட்ட வேண்டாம். எத்தனை முறை அறைந்தார் என்று எண்ணும் கேள்வித்தாள், யார் பயந்தார், யாருக்குக் காயம் என்று கேட்பதில்லை.

வகுப்பறையையே நம்பியிருப்பதும் சரியல்ல. நியூயார்க் நகரின் 30 நடுநிலைப் பள்ளிகளில் நடந்த 'ஷிஃப்டிங் பவுண்டரீஸ்' ஆய்வில் நான்கு பிரிவுகள்: வகுப்புப் பாடம் மட்டும், கட்டட வேலை மட்டும், இரண்டும், எதுவும் இல்லை. கட்டட வேலை என்றால், பள்ளியின் வரைபடத்தில் எந்த இடம் பயமாக இருக்கிறது என்று பிள்ளைகளே குறிப்பது, அங்கே பெரியவர்களை நிறுத்துவது, சுவரொட்டிகள், துன்புறுத்தியவர் விலகியிருக்கப் பள்ளிக்குள் எழுதி வாங்கும் ஒப்பந்தம். பாலியல் சீண்டல் குறைந்தது கட்டட வேலை நடந்த பிரிவுகளில். பாடம் மட்டும் நடந்த பிரிவில் பலனில்லை. பாடம் நடந்த விதத்தையும் நேரில் போய்ப் பார்ப்பது நல்லது. நேரம் போதாதபோது ஆசிரியர் முதலில் வெட்டுவது இரைச்சலான நடிப்புப் பயிற்சியை. விரிவுரை தப்பிவிடும். சரிபார்ப்புத் தாளில் இரண்டுக்கும் டிக் இருக்கும்.

எப்போது கேட்பது என்பதற்கு அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், ஜான்ஸ்டன் கவுன்ட்டியின் 14 பள்ளிகளில் நடந்த 'சேஃப் டேட்ஸ்' என்ற தடுப்புத் திட்டத்தின் ஆய்வைப் பார்க்க வேண்டும். ஒரு மாதத்தில் வன்முறை குறைந்திருந்தது. ஓராண்டில் நடத்தையில் தெரிந்த அந்த வித்தியாசம் மறைந்து, மனப்பான்மை மாற்றம் மட்டும் மிஞ்சியது. 2004-இல் வெளியான நான்காண்டு முடிவில் உடல், பாலியல் வன்முறை இரண்டும் மீண்டும் குறைவாகவே தெரிந்தன. இடையில் நினைவூட்டலாகக் கொடுத்த கூடுதல் தவணையால் பலன் கூடவில்லை. ஓராண்டோடு கேள்வித்தாளைக் கட்டி வைத்திருந்தால் தோற்ற திட்டம் என்றே எழுதியிருப்பார்கள். அதே நாட்டின் கென்டக்கி மாநிலத்தில் 26 உயர்நிலைப் பள்ளிகளில், வன்முறையைப் பார்ப்பவர்களைத் தலையிடப் பழக்கும் 'கிரீன் டாட்' திட்டத்தின் ஆய்விலும் பாலியல் வன்முறை தெளிவாகக் குறைந்தது மூன்றாம், நான்காம் ஆண்டுகளில்தான். நிதி தருபவர்கள் கேட்பதோ இரண்டாண்டு அறிக்கை.